வேப்பஞ்சருகும் வடகமும்



மாசி பிறந்துவிட்டது. மற்ற மாதங்களில் வாசலில் நாலு இழுப்போடு நின்றுவிடும் துடைப்பச் சத்தம், இப்போது விடிந்த பிறகும் கேட்டுக்கொண்டிருக்கிறது. வேம்பும் புங்கனும் வாதுமையும் இலையை உதிர்க்கும் காலம் இது. ஒரு வாசலைப் பெருக்கி முடித்து நிமிர்வதற்குள் இன்னொரு காற்று வந்து மறுபடியும் நிரப்பிவிட்டுப் போகிறது. அக்கம்பக்கத்துக்குள் முகம் திருப்பிக்கொள்வதும் பெரும்பாலும் இந்தக் காலத்தில்தான்.

எங்கள் வீட்டிலும் அது நடந்தது. பல ஆண்டுகளுக்கு முந்தைய கதை. கொல்லையில் மதிலை ஒட்டி ஒரு வேப்பமரம். பாதிக் கிளை எங்கள் பக்கம், பாதிக் கிளை பக்கத்து வீட்டு மொட்டை மாடியின் மேல். மாசி வெயிலில்தான் மரம் இலை கொட்டும். மாசி வெயிலில்தான் வீடுகளில் வடகமும் போடுவார்கள். விடிகாலையில் எழுந்து கூழ் கிண்டி, வேட்டி விரித்து, அச்சில் பிழிந்துவிட்டு இறங்கியிருக்கிறார் பக்கத்து வீட்டு அக்கா. பத்து மணிக்கு ஏறிப் பார்த்தால், காயாத வடகத்தில் வேப்பஞ்சருகு அப்பியிருக்கிறது.

“தம்பி, அந்தக் கிளையைக் கொஞ்சம் கழிச்சு விடக் கூடாதா? ரெண்டு படி அரிசி, அத்தனையும் கசக்கப் போகுது” என்றார் மதிலுக்கு அந்தப் பக்கம் நின்று.

“காத்தடிச்சா இலை விழத்தான் செய்யும். மரத்துக்குச் சுவர் தெரியுமாக்கா?” என்றேன்.

அந்த ஒரு வார்த்தை போதுமானதாக இருந்தது. மறுநாள் அவர்கள் மாடியில் கூட்டிய சருகு மதிலைத் தாண்டி எங்கள் கொல்லையில் விழுந்தது. நாங்கள் அதை அள்ளித் தெருவோரம் குவித்தோம். யாரோ அதில் தீ வைத்தார்கள். அந்தப் புகை எங்கள் இரண்டு வீட்டுக்குள்ளும் புகுந்ததோடு நிற்காமல், மூன்றாவது வீட்டில் இழுப்பு வந்து படுத்திருந்த பெரியவரின் அறைக்குள்ளும் போனது. கறிவேப்பிலைக்கும் உறைமோருக்கும் மதிலருகே நீண்டுகொண்டிருந்த கைகள் நின்றுபோயின. இரண்டு வருடம் பேச்சில்லை.

இதைச் சரிசெய்தது என் அம்மா. ஒரு மத்தியானம் மரத்தடியில் கட்டிலைப் போட்டுப் படுத்திருந்த என்னிடம் வந்து சொன்னார்: “காத்து வாங்கும்போது எங்க மரம்ங்கறே. குப்பைன்னு வந்தா மட்டும் மரத்துக்குச் சுவர் தெரியாதுங்கறே. இது என்னடா நியாயம்?”

பதில் சொல்ல முடியவில்லை. அன்று மாலையே அம்மா பக்கத்து வீட்டுக்குப் போனார். போய் மன்னிப்பு என்றெல்லாம் கேட்கவில்லை. “இந்த வருஷம் வடகம் என்னிக்குப் போடறே? முதல் நாளே சொல்லிடு” என்று மட்டும் கேட்டார். அந்த நாள் வந்ததும் விடிவதற்கு முன் துடைப்பத்தோடு அவர்கள் மாடிக்கு ஏறிப் பெருக்கிக் கொடுத்தார். பிழிந்து முடித்ததும், நைந்த தன் பழைய நூல்புடவை ஒன்றை நாலு மூலையிலும் செங்கல்லில் கட்டி, வடகத்தின் மேல் படாமல் பந்தலாக்கினார். வெயிலும் இறங்கியது, சருகும் மேலேயே நின்றது.

அக்காவும் அன்று ஒன்று சொன்னார்: “மத்தியானத்துல உங்க மரத்து நிழல் எங்க சுவத்துலதாம்மா விழுது. அது இல்லைன்னா அந்த ரூம்புல படுக்கவே முடியாது. இதையும் நான் அன்னிக்கே சொல்லியிருக்கணும்.”

இந்த இரண்டு பெண்களும் பேசியதில் இருக்கும் நியாயத்தைத்தான் உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன். மரம் யாருடையதோ அவருக்குச் சருகிலும் பங்கு உண்டு, அது எந்தப் பக்கம் விழுந்தாலும். நிழல் யார் மேல் விழுகிறதோ அவருக்கும் சருகில் கொஞ்சம் பங்கு உண்டு, மரம் யாருடையதானாலும்.

இலை உதிர்வது மரத்தின் அலட்சியம் அல்ல. கோடை வரும் முன், இலை வழியே வீணாகும் நீரை மிச்சம் பிடிக்க மரம் செய்யும் ஏற்பாடு அது. இலையிலிருந்து தழைச்சத்தையும் மணிச்சத்தையும் இயன்றவரை உள்ளே இழுத்துக்கொண்டு, காம்படியில் ஒரு மெல்லிய தடுப்பை வளர்த்து, பிறகே கீழே விடுகிறது. கொழுந்து, தளிர், இலை, பழுப்பு, சருகு என்று பருவத்துக்கொரு பெயர் வைத்தவர்கள் நாம். சருகைக் குப்பை என்று அழைக்கத் தொடங்கியபோதுதான் அது சண்டைப் பொருளாயிற்று.

சட்டம் என்ன சொல்கிறது என்று கேட்பவர்கள் உண்டு. இங்கிலாந்தில் எல்லை தாண்டிய கிளைகளைப் பற்றிய வழக்கு ஒன்று 1890களில் பிரபுக்கள் சபை வரை போனது. தன் நிலத்துக்குள் நீண்ட கிளையை, தன் நிலத்தில் நின்றபடியே, முன்னறிவிப்பு இல்லாமல் ஒருவர் வெட்டலாம் என்று தீர்ப்பாயிற்று. சட்டம் முன்னறிவிப்பு கேட்கவில்லை. ஆனால் அக்கம்பக்கம் கேட்கிறது. சொல்லாமல் வெட்டிய கிளைக்காகத் தலைமுறை தாண்டிப் பகைத்துக்கொண்ட குடும்பங்களை நம் ஊர்களிலேயே பார்க்கலாம். வேரடியில் வெந்நீர் ஊற்றி, கடைசியில் மரத்தையே பலி கொடுத்த சண்டைகளும் உண்டு.

எரிப்பதைப் பற்றி நம் நாட்டில் விதி தெளிவாகவே இருக்கிறது. 2016இல் வந்த திடக்கழிவு மேலாண்மை விதிகள், தோட்டத்துக் கழிவை அவரவர் வளாகத்திலேயே தனியாகச் சேர்த்துவைத்து, உள்ளாட்சி அமைப்பு சொல்லும் முறையில் ஒப்படைக்கச் சொன்னன. தெருவில் கொட்டுவதையும் எரிப்பதையும், வடிகாலில் தள்ளுவதையும் தடுத்தன. அதே ஆண்டு டிசம்பரில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம், குப்பையைத் திறந்தவெளியில் எரித்தால் 5,000 ரூபாய், பெருமளவில் எரித்தால் 25,000 ரூபாய் என்று இழப்பீடு விதித்தது. அபராதத்துக்குப் பயந்து அல்ல, மூன்றாவது வீட்டுப் பெரியவரின் மூச்சை நினைத்து நாம் தீப்பெட்டியைக் கீழே வைக்க வேண்டும். வடிகாலில் தள்ளிய சருகும் சும்மா இருப்பதில்லை. ஐப்பசி மழையில் அதே தெருவுக்குத் தேங்கிய நீராகத் திரும்பி வரும்.

அப்படியானால் சருகை என்ன செய்வது? கொல்லையில் ஒரு மூலையில் கம்பிவலையை வட்டமாக நிறுத்துங்கள். மூன்று கூடை சருகுக்கு ஒரு கூடை சமையலறைக் கழிவு என்று மாற்றி மாற்றிப் போட்டு, லேசாக நீர் தெளித்து, வாரம் ஒருமுறை கிளறி விடுங்கள். காய்கறிக் கழிவின் ஈரத்தைச் சருகு வாங்கிக்கொள்வதால் நாற்றம் இருக்காது. சில மாதங்களில் மண்வாசனையோடு உரம் கிடைக்கும். அதற்கும் நேரமில்லை என்றால் செடிகளின் தூரைச் சுற்றிப் பரப்பிவிடுங்கள். மண்ணின் ஈரம் காக்கும் இந்த மூடாக்கைத்தான், கரூர் மாவட்டம் கடவூரில் வானகம் பண்ணையை உருவாக்கிய கோ. நம்மாழ்வார் உழவர்களிடம் வலியுறுத்தி வந்தார். தொட்டிச் செடி வைத்திருக்கும் பக்கத்து வீட்டுக்காரருக்கு ஒரு சாக்குச் சருகு கொடுத்துப் பாருங்கள். மதிலைத் தாண்டி எறிந்தால் வம்பாகும் அதே பொருள், கேட் வழியாகப் போனால் சீராகிவிடும்.

மரம் வைத்திருப்பவர்கள் மாடிக்கு மேல் நீளும் கிளைகளைத் தை மாதத்திலேயே பக்கத்து வீட்டாரையும் வைத்துக்கொண்டு அளவாகக் கழித்துவிடுங்கள். மொட்டை மாடியின் மழைநீர்க் குழாய் வாயைப் புரட்டாசிக்குள் இரு வீட்டாரும் பார்த்துவிடுங்கள். தனியாக வசிக்கும் முதியவர்களின் வாசலையும் சேர்த்து இரண்டு இழுப்பு இழுத்துவிடுங்கள். குனிந்து பெருக்க முடியாதவர்களுக்கு நம் மரத்துச் சருகு பெரிய பாரம்.

எங்கள் வேம்பு இன்றும் நிற்கிறது. சித்திரை பிறக்கும் சமயம் அது பூக்கும்போது பாதிப் பூ அக்காவின் மாடியில்தான் விழும். வடகம் பிழிந்த அதே வேட்டியை விரித்துப் பூவைச் சேர்த்து, காயவைத்து, ஒரு தூக்கு நிறைய மதிலுக்கு மேல் நீட்டுவார். வருடப் பிறப்புப் பச்சடிக்கு எங்கள் வீட்டில் கடையில் பூ வாங்கியதே இல்லை. அம்மா இப்போது இல்லை. அவர் கட்டிய புடவைப் பந்தல் மட்டும் ஒவ்வொரு மாசியிலும் அந்த மாடியில் ஏறுகிறது. இந்த வருடம் அதைக் கட்டுவது என் முறை.

உங்கள் தெருவிலும் ஒரு மரம் இருக்கும். அதன் சருகை நீங்களும் பக்கத்து வீட்டாரும் எப்படிப் பங்கிட்டுக்கொண்டீர்கள் என்று எழுதுங்கள். காத்திருக்கிறேன்.

அன்புடன்,
ஆசிரியர்