எம்.எட். படிப்பு வகுப்பறைக்குள் வரட்டும்
உள்ளடக்கிய கற்பித்தலுக்கான முதுநிலைப் பயிற்சி குறித்து எங்கள் நிலைப்பாடு

மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு வட்டாரப் பள்ளிகளில் பாடம் நடத்தும் ஆசிரியர்களும், சிறப்புப் பயிற்றுநர்களும், மாற்றுத்திறன் கொண்ட பிள்ளைகளின் பெற்றோரும் சேர்ந்து இந்த அறிக்கையை எழுதியிருக்கிறோம். பள்ளிக் கல்வித் துறைக்கும் தமிழ்நாடு ஆசிரியர் கல்வியியல் பல்கலைக்கழகத்துக்கும் இதை முன்வைக்கிறோம்.

எல்லாப் பிள்ளைகளும் ஒரே வகுப்பில் படிக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. அந்த வகுப்பை நடத்தும் ஆசிரியருக்கு அதற்கான முதுநிலைப் பயிற்சி வேண்டும் என்பதில் எங்களுக்கு இரண்டாம் கருத்து இல்லை. ஆனால் அந்தப் பயிற்சி அவருடைய சொந்த வகுப்பிலேயே, பணியில் இருக்கும்போதே, முழுச் சம்பளத்தோடு நடக்க வேண்டும். வகுப்புக்கு வெளியே வாங்கும் இன்னொரு சான்றிதழை நாங்கள் ஆதரிக்கவில்லை.

இன்றைய எம்.எட். படிப்பு யாருக்காக உருவானது? ஆசிரியர்களுக்குப் பயிற்சி தருகிறவர்களையும் கல்வி நிர்வாகிகளையும் உருவாக்கவே. தேசிய ஆசிரியர் கல்விக் கவுன்சிலின் நெறிமுறையே அதைத்தான் சொல்கிறது. எட்டாம் வகுப்பில் நாற்பது பிள்ளைகளை வைத்துத் திணறும் ஆசிரியர் எம்.எட். முடித்தால், பி.எட். கல்லூரி விரிவுரையாளர் வேலைக்கு விண்ணப்பிக்கலாம். வகுப்பில் நன்றாகப் பாடம் நடத்துகிறவருக்கு நாம் காட்டும் உயர்வு, வகுப்பை விட்டு வெளியேறும் வழிதான். பணியில் இருந்தபடி படித்தவர்களில் பலர் ஊக்க ஊதியத்துக்காகப் படித்தார்கள். உயர்கல்விக்கான முன் ஊதிய உயர்வை 2020 மார்ச்சில் அரசு ரத்து செய்தபின் அந்தக் காரணமும் போய்விட்டது. அப்படிப் படித்தவர்களைக் குறை சொல்ல எங்களுக்கு மனமில்லை. குறை படிப்பின் அமைப்பில் இருக்கிறது.

பி.எட். நிலையிலும் கதை பெரிதாக மாறவில்லை. 2014 நெறிமுறைப்படி அமைந்த இரண்டு ஆண்டுப் படிப்பில், உள்ளடக்கிய பள்ளியை உருவாக்குவது பற்றிய பாடம் அரைத் தாள். அந்த அரைத் தாளிலும் குறைபாடுகளின் வகைகள், வரையறைகள், சட்டங்களின் பெயர்கள். தேர்வுக்கு முந்தின வாரம் படித்து, எழுதி, மறந்துவிடலாம். ரெக்கார்டு நோட்டும் சார்ட்டும் சரியாக இருந்தால் மதிப்பெண் வரும். காது கேளாத பிள்ளை வகுப்பில் இருக்கும்போது கரும்பலகையைப் பார்த்தபடி பேசக்கூடாது, அந்தப் பிள்ளை நம் வாயசைவைப் படித்துக்கொண்டிருக்கிறது என்ற சின்ன விஷயத்தை எங்களில் பலர் கல்லூரியில் கற்கவில்லை. வேலைக்கு வந்து பல ஆண்டு கழித்து, ஒரு தாய் வந்து சொல்லித்தான் தெரிந்துகொண்டோம்.

இன்னொரு சிக்கல் இரண்டு கதவுகள். பொது ஆசிரியருக்கான படிப்பு தேசிய ஆசிரியர் கல்விக் கவுன்சிலின் கீழ் நடக்கிறது. சிறப்புக் கல்வி ஆசிரியருக்கான படிப்பு இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலின் கீழ். பாடத்திட்டம் வேறு, கல்லூரி வேறு, செய்முறைப் பயிற்சிக்குப் போகும் இடமும் வேறு. இரண்டு பேரும் படிக்கும் காலத்தில் ஒருவரையொருவர் பார்ப்பதே இல்லை. வேலைக்கு வந்தபின் ஒரே பிள்ளையை இருவரும் சேர்ந்து கவனிக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம். நடப்பதோ வேறு. சிறப்புப் பயிற்றுநர் வரும் நாளில் அந்தப் பிள்ளையைத் தனியே அழைத்துப் போகிறார், மற்ற நாட்களில் அது கடைசி பெஞ்சில் சும்மா உட்கார்ந்திருக்கிறது. வருகைப் பதிவேட்டில் இருக்கிறது, பாடத்தில் இல்லை.

சென்னையில் ஆசிரியர் பயிற்சி வேறு மாதிரியும் நடந்திருக்கிறது. 1939 நவம்பரில், அடையாறு பிரம்மஞான சபையின் தலைவர் ஜார்ஜ் அருண்டேலின் அழைப்பை ஏற்று இத்தாலியக் கல்வியாளர் மரியா மாண்டிசோரி அங்கே வந்தார். ஏறத்தாழ 300 பேர் அவரிடம் பயிற்சி பெற்றார்கள். குழந்தையைக் கவனிப்பதும், பொருட்களைத் தாமே கையாண்டு பழகுவதும் அந்தப் பயிற்சியின் உயிர். அவர் அந்த முறையை எங்கிருந்து எடுத்தார் என்பது இன்று பலருக்கு மறந்துவிட்டது. மருத்துவரான மாண்டிசோரி, ரோம் நகரில் ‘மந்தபுத்தி’ என்று ஒதுக்கி வைக்கப்பட்ட குழந்தைகளோடுதான் வேலையைத் தொடங்கினார். அவர்களுக்குப் பலித்த முறையைப் பிறகு எல்லாக் குழந்தைகளுக்கும் விரித்தார். இன்று நம் வட்டாரத்தில் மாண்டிசோரி என்ற பெயர்ப்பலகை அதிகக் கட்டணம் வாங்கும் மழலையர் பள்ளியின் அடையாளம். அந்த முறைக்கு வழிகாட்டிய பிள்ளைகளுக்கு அங்கே இடம் கிடைப்பது அரிது.

நவீனக் கற்பித்தல் என்றதும் ஸ்மார்ட் போர்டைக் காட்டுகிறார்கள். ஸ்மார்ட் போர்டு இருக்கட்டும். அதற்கு முன்னால் தமிழ் வாசிக்கத் திணறும் பிள்ளையை எத்தனை ஆசிரியர்கள் அடையாளம் காண்கிறோம்? டிஸ்லெக்சியா என்னும் வாசிப்புக் குறைபாடு பற்றி ஆசிரியர் கைக்குக் கிடைக்கும் பாடங்களில் பெரும்பாலானவை ஆங்கில எழுத்தை வைத்து எழுதியவை. பி (b) எது, டி (d) எது என்று குழம்பும் பிள்ளைதான் அவற்றில் வருகிறது. தமிழில் சிக்கல் வேறு இடத்தில். ‘கெ’ எழுதும்போது கொம்பு முதலில், எழுத்து பிறகு. காதுக்குக் கேட்பதோ மெய் முதலில், எகரம் பிறகு. ‘கொ’வில் கொம்பு முன்னே, கால் பின்னே, நடுவில் எழுத்து. கடல், தங்கம், பகல் என மூன்று சொல்லிலும் ஒரே ‘க’, ஆனால் ஒலி மூன்று. ண, ந, ன போதாதென்று ல, ள, ழ. இவற்றில் எது எல்லாப் பிள்ளைக்கும் வரும் தடுமாற்றம், எது வயது கடந்தும் தீராமல் உதவி கேட்கும் தடுமாற்றம் என்று பிரித்துப் பார்ப்பது ஒரு தனித் திறன். அதைப் புத்தகத்தில் படித்துவிட முடியாது. ஒரு பிள்ளையின் கட்டுரை நோட்டை ஆறு மாதம் தொடர்ந்து பார்க்க வேண்டும், பக்கத்தில் தெரிந்தவர் ஒருவர் உட்கார்ந்திருக்க வேண்டும். 1991-இல் தொடங்கிய மெட்ராஸ் டிஸ்லெக்சியா சங்கம் தியாகராய நகரில் இயங்குகிறது. அப்படியும், பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வுக்குக் கூடுதல் ஒரு மணி நேரம் கேட்டு விண்ணப்பிக்கும் நேரத்தில்தான் பல பிள்ளைகளின் பிரச்சினைக்கே பெயர் கிடைக்கிறது. அதற்குள் ஒன்பது ஆண்டு ‘சோம்பேறி’ என்ற பட்டத்தோடு கழிந்திருக்கும்.

சட்டத்தில் குறை இல்லை. 2017 ஏப்ரல் 19 முதல் நடைமுறையில் உள்ள மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, 21 வகை மாற்றுத்திறன்களைப் பட்டியலிடுகிறது. அதன் 16-ஆம் பிரிவு அரசு நிதி பெறும் பள்ளிகளுக்கு மட்டுமல்ல, அரசு அங்கீகாரம் பெற்ற தனியார் பள்ளிகளுக்கும் பொருந்தும். ‘பிள்ளைக்குத் துணையாக உட்கார ஷேடோ டீச்சரை நீங்களே சம்பளம் கொடுத்துப் போட்டுக்கொள்ளுங்கள்’ என்று பெற்றோரிடம் சொல்லும் பள்ளிகள் இதைப் படிக்க வேண்டும். தொடக்க நிலையில் மாற்றுத்திறன் கொண்ட 10 பிள்ளைகளுக்கு ஒருவர், அதற்கு மேல் 15 பிள்ளைகளுக்கு ஒருவர் என்று சிறப்புக் கல்வி ஆசிரியர் விகிதத்தை, உச்ச நீதிமன்றத்தின் 2021 அக்டோபர் 28 தீர்ப்பையடுத்து ஒன்றிய அரசு 2022-இல் வகுத்தது. தமிழ்நாட்டின் அரசுப் பள்ளிகளிலோ, ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் கீழ் தொகுப்பூதியத்தில் இருக்கும் சிறப்புப் பயிற்றுநர் ஒருவர் பல பள்ளிகளுக்கு நாள் வைத்துப் போய் வருகிறார். அவரை நிரந்தரமாக்காமல், பொது ஆசிரியருக்குப் பயிற்சி கொடுத்து சிறப்புப் பயிற்றுநரின் வேலையையும் சேர்த்துச் செய்யச் சொல்லலாம் என்று யாராவது கணக்குப் போட்டால், இந்த அறிக்கையை அதற்குத் துணைக்கு அழைக்க வேண்டாம்.

எங்கள் சக ஆசிரியர்களிடமிருந்து வரும் எதிர்ப்பையும் சொல்லிவிட வேண்டும். எமிஸ் இணையதளப் பதிவு, வாக்காளர் பட்டியல் வேலை, இவற்றோடு பணியில் உள்ள ஆசிரியர்களுக்கும் தகுதித் தேர்வில் (டெட்) தேர்ச்சி தேவை என்ற உச்ச நீதிமன்றத்தின் 2025 செப்டம்பர் 1 தீர்ப்பு. இருபது ஆண்டு பாடம் நடத்தியவர்கள் மறுபடி கைடு வாங்கிப் படிக்கும் நேரத்தில் இன்னொரு படிப்பா என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. அதனால்தான் இதைக் கட்டாயமாக்கக் கூடாது என்கிறோம். பதவி உயர்வுக்கு நிபந்தனையாகவும் வைக்கக் கூடாது. விரும்பி வருகிறவருக்கு வாரத்தில் ஒரு நாள் வகுப்பிலிருந்து விடுப்பும், அந்த நாளுக்கு மாற்று ஆசிரியரும் கொடுங்கள். படிப்பை முடித்தவர் அதே வகுப்பில் இருந்தபடியே ஊதிய உயர்வு பெறட்டும். தலைமையாசிரியருக்கும் ஒரு சிறு பயிற்சி வேண்டும். அவர் மனம் வைக்காத பள்ளியில் எந்த எம்.எட். ஆசிரியராலும் ஒரு பெஞ்சைக்கூட இடம் மாற்ற முடியாது.

இதற்குப் புதிய கட்டடம் எதுவும் வேண்டாம். 1856-இல் தொடங்கிய ஆசிரியர் கல்லூரி சைதாப்பேட்டையில் இருக்கிறது, 1922-இல் தொடங்கிய லேடி வெலிங்டன் கல்லூரி கடற்கரைச் சாலையில். பெருமூளை வாதம் உள்ள பிள்ளைகளோடு 1985 முதல் வேலை செய்யும் வித்யாசாகர் கோட்டூர்புரத்தில். மயிலாப்பூரில் காது கேளாதோருக்கான கிளார்க் பள்ளி. முட்டுக்காட்டில் பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனம். ஆசிரியர் கல்லூரிகள், மாற்றுத்திறன் நிறுவனங்கள் என்ற இந்த இரண்டு வகையும் சேர்ந்து ஒரு முதுநிலைப் படிப்பை நடத்தியதாக நாங்கள் அறியவில்லை என்பதுதான் எங்களுக்கு வியப்பு. சைதாப்பேட்டைக்கும் கோட்டூர்புரத்துக்கும் நடுவில் அடையாறு ஆறு மட்டும்தான் ஓடுகிறது.

உள்ளடக்கம் என்பதை நாங்கள் மாற்றுத்திறனோடு நிறுத்தவும் இல்லை. தியாகராய நகர்க் கடைகளிலும் அடுக்ககங்களிலும் வேலை செய்ய வந்த வட மாநில, நேபாளக் குடும்பங்களின் பிள்ளைகள் தமிழ் வழி வகுப்பில் உட்கார்ந்திருக்கிறார்கள். ஆற்றோரத்திலிருந்து பெரும்பாக்கத்துக்கும் கண்ணகி நகருக்கும் குடிபெயர்க்கப்பட்டு, பழைய பள்ளியை விட மனமில்லாமல் பஸ் ஏறி வரும் பிள்ளைகளும் உண்டு. முதல் மணிக்குத் தாமதமாக வருகிறவரை வெளியே நிறுத்துவதா, உள்ளே சேர்ப்பதா என்பதும் ஆசிரியர் கற்க வேண்டிய பாடம்தான்.

மாநிலக் கல்விக் கொள்கை 2025 ஆகஸ்ட் 8 அன்று கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் வெளியானது. அதைச் செயலில் காட்ட எங்கள் வட்டாரத்தையே முதல் களமாக எடுத்துக்கொள்ளும்படி கேட்கிறோம். இரண்டு ஆண்டுப் படிப்பு, பாதி மதிப்பெண் சொந்த வகுப்பில் செய்த வேலைக்கு, மதிப்பிடும் குழுவில் ஒரு சிறப்புப் பயிற்றுநரும் ஒரு பெற்றோரும். பாடமும் தேர்வும் தமிழில். இரண்டு கவுன்சில்களின் ஒப்புதலையும் அரசே முன்னின்று வாங்கட்டும். முதல் அணியில் சேர மாநகராட்சிப் பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளி ஆசிரியர்கள் எங்களிடையே தயாராக இருக்கிறார்கள். அடுத்த எம்.எட். சேர்க்கை அறிவிப்பு வருவதற்கு முன்னால் துறை எங்களை அழைத்துப் பேச வேண்டும்.