கடைக்காரர் பேனா எடுக்கட்டும்!

"எழுத ஆசைதான். ஆனால் எதை எழுதுவது?"

வியாபாரிகள் பலருக்கு இந்தக் கவலை உண்டு. தேனியிலும் உண்டு, கம்பத்திலும் உண்டு.

கடையைப் பற்றி நாலு வரி எழுதி, நோட்டீசு அச்சடித்துக் கொடுக்கலாம். கைப்பேசி மூலம் நூறு வாடிக்கைக்காரர்களுக்கு ஒரே நொடியில் அனுப்பலாம். வழி இருக்கிறது. விஷயம்தான் கிடைப்பது இல்லை.

கடைசியில் என்ன எழுதுகிறார்கள்? "தரமான சரக்கு! நியாயமான விலை! வாங்கிப் பயன் பெறுவீர்!" என்று எழுதுகிறார்கள். எதிர்க்கடைக்காரரும் அதையேதான் எழுதுகிறார். எல்லாரும் ஒன்றையே சொன்னால் யார் படிப்பார்கள்?

விஷயத்தைத் தேடி எங்கும் அலைய வேண்டாம். அது தினமும் கடை வாசலுக்கு வருகிறது. கையில் பையோடு வந்து, கேள்வியும் கேட்கிறது!

திராட்சை சொல்லும் பாடம்

கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சையைத் தமிழ்நாடு முழுவதும் அறியும். அதை வாங்க ஒரு தாய் வருகிறாள். கொத்தைத் தூக்கிப் பார்க்கிறாள்.

"என்ன அண்ணே, பழத்தின் மேல் வெள்ளையாகப் படிந்திருக்கிறதே! பூச்சி மருந்தா?"

"அதெல்லாம் ஒன்றும் இல்லை, தாயி. தைரியமாக வாங்கிப் போ" என்கிறார் கடைக்காரர்.

இது பதில் அல்ல. இதைக் கேட்டு அவள் சந்தேகம் தீராது.

சரியான பதில் என்ன? திராட்சையின் தோல் மேல் இயற்கையாகவே மெல்லிய மெழுகு படரும். அதுதான் வெள்ளையாகத் தெரிகிறது. பழத்தின் ஈரம் வற்றாமல் அது காப்பாற்றுகிறது. ஆனால், தோட்டத்தில் மருந்து அடிப்பதும் உண்டு. ஆகவே, பழத்தை நன்றாகக் கழுவிய பிறகே சாப்பிடவேண்டும்.

இந்த நாலைந்து வரிதான் விஷயம்! இதை எழுதிக் கொடுத்தால் அந்தத் தாய் படிப்பாள். பக்கத்து வீட்டிலும் சொல்வாள். "தரமான பழம்" என்று நூறு தடவை கூவினாலும் வராத நம்பிக்கை, இதனால் வரும்.

சாயம் வெளுக்கும்

போடிநாயக்கனூருக்குப் போவோம். மலைத் தோட்டங்களில் விளையும் ஏலக்காய் அங்கே ஏலத்துக்கு வருகிறது. நறுமணப் பொருள் வாரியத்தின் ஏல மையம் அங்கே இருக்கிறது.

ஏலக்காய் வாங்க வருகிறவர்கள் என்ன கேட்கிறார்கள்? "இந்தக் காய் பச்சை, அந்தக் காய் வெளுப்பு. ஏன்?" என்று கேட்கிறார்கள். "இத்தனை விலையா?" என்று திகைக்கிறார்கள்.

இரண்டுக்கும் பதில் உண்டு. பறித்த காயை அறைக்குள் மிதமான சூட்டில் உலர்த்தினால் பச்சை நிறம் நிற்கும். வெயிலில் காயப் போட்டால் வெளுத்துவிடும். ஏறக்குறைய 5 கிலோ பச்சைக் காய் உலர்ந்தால்தான் 1 கிலோ ஏலக்காய் கிடைக்கும். பிறகு சல்லடையில் சலித்து, பருமன் வாரியாகப் பிரிக்கிறார்கள். 8 மில்லிமீட்டர் காய்க்குத் தனி மதிப்பு. ஒரு லிட்டர் அளவில் எத்தனை கிராம் காய் நிற்கிறது என்றும் பார்க்கிறார்கள். உள்ளே விதை நிறைந்த காய்தான் எடை நிற்கும்.

இதை ஏன் எழுதவேண்டும்? காரணம் இருக்கிறது.

வெளுத்த காய்க்குப் பச்சைச் சாயம் ஏற்றி விற்கிறவர்களும் உண்டு. நிறத்தை மட்டும் பார்த்து வாங்குகிறவர்கள் ஏமாறுகிறார்கள். ஏமாற்றுகிறவன் பணத்தை எண்ணுகிறான். நேர்மையான வியாபாரியின் சரக்கு தேங்கிக் கிடக்கிறது! நல்லவர் வாய் திறக்காமல் இருந்தால், நல்ல காய் எது, சாயக் காய் எது என்று மக்களுக்கு யார் சொல்வது?

1895-ல் நடந்தது

இது புதிய யோசனை அல்ல.

முல்லைப் பெரியாறு அணை 1895-ல் திறக்கப்பட்டது. பென்னிகுவிக் கட்டிய அணை அது. கம்பம் பள்ளத்தாக்கு மறக்காத ஆண்டு அது.

அதே 1895-ல், அமெரிக்காவில் கலப்பை செய்து விற்ற ஜான் டீர் கம்பெனி ஒரு பத்திரிகை தொடங்கியது. அதன் பெயருக்கு "உழவு சால்" என்று பொருள். "எங்கள் கலப்பையை வாங்குங்கள்" என்பதோடு அது நிற்கவில்லை. உழவருக்குப் பயன்படும் விவசாயச் செய்திகளையும் சொன்னது. இன்றும் அது வெளிவருகிறது!

1900-ல், பிரான்சு நாட்டின் மிஷெலின் டயர் கம்பெனி ஒரு கையேடு வெளியிட்டது. டயரை எப்படி மாற்றுவது? பெட்ரோல் எங்கே கிடைக்கும்? எந்த ஊரில் தங்கலாம்? இவைதான் அதில் இருந்தன. வண்டிக்காரர்கள் ஆவலோடு படித்தார்கள். டயரின் பெயர் மனதில் நின்றது.

இரண்டிலும் பாடம் ஒன்றுதான். விற்கிறவர் தன் பெருமையைப் பேசினால் யாரும் கேட்பது இல்லை. வாங்குகிறவரின் கவலையைப் பேசினால் எல்லாரும் கேட்பார்கள்.

மாதம் ஒரு விஷயம்

விஷயத்துக்குப் பஞ்சமே இல்லை.

கோடையில் பெரியகுளம் மாம்பழம் வரும். "கல் வைத்துப் பழுக்க வைத்ததா?" என்று கேட்பார்கள். அப்படிச் செய்வதைச் சட்டம் தடுக்கிறது. கல் வைத்த பழம் எது, தானாகப் பழுத்த பழம் எது என்று பழக்கடைக்காரர் எழுதலாம்.

ஜூன் மாதம், அணையில் நீர் இருந்தால், முதல் போகத்துக்குத் தண்ணீர் விடுவார்கள். விதைக் கடைக்காரர் நாற்றங்காலைப் பற்றி எழுதலாம்.

தீபாவளி நெருங்கினால், ஆண்டிபட்டி நூல் சேலை விற்கிறவர், சாயம் போகாமல் துவைக்கும் முறையை எழுதலாம்.

"எனக்கு எழுத வராதே!"

இப்படிச் சொல்லிப் பலர் ஒதுங்குகிறார்கள். இது வீண் பயம்.

மதுரையில் 1942-ல் "தினத்தந்தி"யைத் தொடங்கிய சி. பா. ஆதித்தனார், மக்கள் பேசும் தமிழில், கொச்சையை மட்டும் நீக்கி எழுதவேண்டும் என்றார். கடையில் பேசத் தெரிந்தவருக்கு எழுதவும் தெரியும். பேசுவதை அப்படியே தாளில் இறக்கவேண்டும். அவ்வளவுதான். கை நடுங்கினால், பள்ளிக்கூடம் போகும் மகளை எழுதச் சொல்லலாம்.

"தொழில் இரகசியம் வெளியே போய்விடுமே" என்பது இன்னொரு பயம். ஏலக்காய் எப்படி உலர்கிறது என்று தெரிந்துகொண்ட குடும்பத்தலைவி, மறுநாளே போட்டிக் கடை போடப் போவது இல்லை! விவரம் சொன்ன கடையைத் தேடித்தான் வருவாள்.

எழுத்து ஊரையும் காப்பாற்றும். கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. வேறு ஊர்ப் பழத்தைக் கம்பம் பழம் என்று விற்க முடியாதபடி காக்கும் சட்ட உரிமை அது. அந்த உரிமை சும்மா கிடைப்பது அல்ல. பழத்தின் தனிச் சிறப்பு என்ன, அது விளையும் இடம் எது, அதன் வரலாறு என்ன என்பதை எல்லாம் எழுதிக் கொடுக்கவேண்டும்.

இன்றே தொடங்கலாம்

கல்லாப்பெட்டி பக்கத்தில் ஒரு நோட்டுப் புத்தகம் வைக்கவேண்டும். யார் எதைக் கேட்டாலும் ஒரு வரி குறிக்கவேண்டும். ஞாயிற்றுக்கிழமை அதைப் புரட்டிப் பார்த்தால், எந்தக் கேள்வி அதிகம் வந்தது என்று தெரியும். அந்த வாரத்துக்கு அதுதான் விஷயம்.

பதில் தெரியாவிட்டால் தெரிந்தவரிடம் கேட்கவேண்டும். திராட்சைக்கு என்றே ஆனைமலையன்பட்டியில் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது.

ஒன்று முக்கியம். எழுதுவது உண்மையாக இருக்கவேண்டும். சரக்கில் குறை இருந்தால் அதையும் சொல்லவேண்டும். "இந்த வாரம் மழை; பழம் இரண்டு நாள்தான் தாங்கும்" என்று எழுதுகிற கடைக்காரர், அன்றைக்கு நாலு கிலோ குறைவாக விற்பார்.

அடுத்த வாரம் அவர் "பழம் நன்றாக இருக்கிறது" என்று எழுதுவார். அதை ஊரே நம்பும்!