கொங்கு யாருடைய கோட்டை? ஒரு மண்ணும் கிடையாது!

"கொங்கு மண்டலம் அதிமுகவின் கோட்டை."

இந்த வாக்கியத்தை டீக்கடை பெஞ்சில் கேட்டால்கூட மன்னித்துவிடலாம். டிவியில் கோட்டு போட்டு உட்கார்ந்திருக்கும் ஆய்வாளர்கள் (அப்படித்தான் கீழே பெயருக்குப் பக்கத்தில் போடுகிறார்கள்) சொல்லும்போதுதான் எரிச்சல் வருகிறது. அதற்கு ஆதாரம் கேட்டால் எல்லோரும் 2021 சட்டமன்றத் தேர்தல் வரைபடத்தைத்தான் எடுத்து நீட்டுகிறார்கள். மேற்குப் பக்கம் மொத்தமும் பச்சை, மற்ற இடமெல்லாம் சிவப்பு. பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. அதனால் நானும் அந்தத் தேர்தலையே எடுத்துக்கொள்கிறேன். அவர்கள் ஆதாரத்தை வைத்தே பேசுவோம்.

முதலில் ஒரு அடிப்படைக் கேள்வி. கொங்கு என்றால் எது? கோவை, திருப்பூர், ஈரோடு, நீலகிரி, நாமக்கல், சேலம், கரூர், தர்மபுரி, கிருஷ்ணகிரி எல்லாம் சேர்த்தால் 61 தொகுதி. 2021ல் அதிமுக கூட்டணிக்கு 41, திமுக கூட்டணிக்கு 20. கிருஷ்ணகிரி கொங்கு இல்லை என்றால் 55ல் 38. தர்மபுரியும் இல்லை என்றால் 50ல் 33. ஆளுக்கொரு எல்லை, ஆளுக்கொரு கணக்கு. எந்த அரசாணையிலும் இல்லாத ஒரு எல்லையை வைத்துக்கொண்டு 'மண்டலத்தின் மனநிலை' என்று அரைமணி நேரம் பேச இவர்களால் மட்டும்தான் முடியும்.

சரி, விஷயத்துக்கு வருவோம். 41க்கு 20 என்பது பெரிய வெற்றி, அதை மறுக்கவில்லை. ஆனால் எண்ட்ரி எதுவுமே போடாமல் குளோசிங் பேலன்ஸை மட்டும் எழுதினால் எங்கள் அக்கவுண்டன்சி சார் பேப்பரை மூஞ்சியிலேயே எறிவார். நாமாவது எண்ட்ரியைப் பார்ப்போம்.

கோவை மாவட்டம், 10 தொகுதி. அதிமுக 9, பாஜக 1, திமுக கூட்டணி பூஜ்யம். கோட்டைக் கதையின் உச்சகட்டம் இதுதான். இதில் கிணத்துக்கடவில் வித்தியாசம் 1,095 ஓட்டு. பொள்ளாச்சியில் 1,725. கோவை தெற்கில் 1,728. இந்த மூன்றிலும் சேர்த்து வெறும் 2,276 பேர் ஜெயித்தவருக்குப் போட்ட ஓட்டை இரண்டாவதாக வந்தவருக்குப் போட்டிருந்தால் பத்துக்குப் பத்து என்பது பத்துக்கு ஏழாகியிருக்கும். 2,276 பேர்! ஒரு பெரிய கல்லூரியில் கேண்டீன் நேரத்தில் வெளியே வரும் கூட்டம். அந்தக் கூட்டத்துக்கு ஒரு காலைப்பொழுதில் மனசு மாறியிருந்தால் இடிந்து விழும் சுவருக்குப் பெயர் கோட்டையா?

கோவை தெற்கு இன்னும் வேடிக்கை. வானதி சீனிவாசனுக்கு 53,209. கமல்ஹாசனுக்கு 51,481. காங்கிரஸின் மயூரா ஜெயக்குமாருக்கு 42,383. ஜெயித்தவருக்கு விழுந்தது பதிவான ஓட்டில் மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் மேல், அவ்வளவுதான். ஓட்டுப் போட்டவர்களில் கிட்டத்தட்ட மூன்றில் இரண்டு பேர் வேறு யாரையோ கேட்டார்கள். அடுத்த நாள் பேசியவர்கள் 'கோவை தெற்கு காவிக்கு மாறியது' என்றார்கள். தொகுதி ஒன்றும் மாறவில்லை. ஓட்டு மூன்றாகப் பிரிந்தது. இரண்டும் ஒன்றா?

மொடக்குறிச்சிக்கு வாருங்கள். 1996ல் அங்கே 1,033 வேட்பாளர்கள் நின்றார்கள். விவசாயிகள் தங்கள் குறையை அரசு காதில் போட்டுக்கொள்ளவில்லை என்பதற்காகக் கூட்டம் கூட்டமாக மனு தாக்கல் செய்தார்கள். ஓட்டுச்சீட்டைப் புத்தகம் மாதிரி அடிக்க வேண்டியதாயிற்று. அந்தத் தேர்தலில் ஜெயித்தவர் திமுகவின் சுப்புலட்சுமி ஜெகதீசன். 25 வருடம் கழித்து அதே மொடக்குறிச்சியில் அதே சுப்புலட்சுமி பாஜகவிடம் 281 ஓட்டில் தோற்றார். 281! அந்த ஒரு சீட்டை வைத்து 'ஈரோட்டில் தாமரை மலர்ந்தது' என்று எத்தனை தலையங்கம் வந்தது தெரியுமா? பக்கத்திலேயே தாராபுரத்தில் பாஜகவின் மாநிலத் தலைவராக இருந்த எல்.முருகன் 1,393 ஓட்டில் தோற்றார். அங்கே தாமரை கருகிவிட்டதா? மேட்டூரில் பாமக ஜெயித்தது 656 ஓட்டில். கிருஷ்ணகிரியில் அதிமுக 794ல். காற்றுக் கொஞ்சம் திசை மாறி அடித்திருந்தால் அந்தப் பச்சை வரைபடத்தில் பாதி இடம் திட்டுத்திட்டாகியிருக்கும்.

"தம்பி, எடப்பாடியில் 93,802 ஓட்டு வித்தியாசம், அதையும் சொல்லு" என்பீர்கள். சொல்கிறேன். அது உண்மையான வெற்றி. சேலத்தில் 11க்கு 10 வந்ததும் சும்மா வந்ததில்லை. முதலமைச்சரே அந்த ஊர்க்காரர், கட்சி அமைப்பு பூத் வரைக்கும் உயிரோடு இருந்தது. 2011, 2016, 2021 மூன்று சட்டமன்றத் தேர்தலிலும் இந்தப் பக்கம் அதிமுக பலமாக இருந்தது என்பதை ஒத்துக்கொள்ளாதவன் பொய்யன். என் சண்டை 'பலம்' என்ற வார்த்தையோடு இல்லை, 'கோட்டை'யோடுதான்.

ஏனென்றால் கோட்டை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை கைமாறாது. 2019 மக்களவைத் தேர்தலில் இதே கொங்கில் கோவை, பொள்ளாச்சி, திருப்பூர், ஈரோடு, சேலம், நாமக்கல் என்று எல்லாத் தொகுதியும் திமுக கூட்டணிக்கு. 2021ல் கோவை பத்தும் எதிரணிக்கு. ஒன்பதே மாதம் கழித்து 2022 பிப்ரவரியில் கோவை மாநகராட்சியின் 100 வார்டில் அதிமுகவுக்குக் கிடைத்தது 3. 2024 மக்களவையில் கோவையில் திமுகவின் கணபதி ராஜ்குமார் 1,18,068 ஓட்டில் அண்ணாமலையை ஜெயித்தார். இப்போது சொல்லுங்கள், இது யாருடைய கோட்டை? (உடனே 'திமுகவின் கோட்டையாக மாறிவிட்டது' என்று ஆரம்பிக்காதீர்கள், அழுதுவிடுவேன்.)

கரூரைப் பாருங்கள். 2016ல் நாலில் மூன்று அதிமுகவுக்கு. 2021ல் நாலும் திமுகவுக்கு. நடுவில் கரூர்க்காரர்கள் எல்லோரும் சித்தாந்த வகுப்புக்குப் போய் வந்தார்களா? இல்லை. செந்தில்பாலாஜி கட்சி மாறினார், ஆள் பலமும் கூடவே போனது. ஈரோடு மேற்கில் திமுகவுக்காக ஜெயித்த முத்துசாமி எம்ஜிஆர் அமைச்சரவையில் இருந்தவர், 2010ல்தான் திமுகவுக்கு வந்தார். ஆள் எங்கே போகிறாரோ அங்கே ஓட்டும் போகிற இடத்தில் 'மண்ணின் குணம்' என்று ஜோசியம் சொல்வது சோம்பேறித்தனம்.

இந்தச் சோம்பேறித்தனத்தால் யாருக்கு என்ன நஷ்டம் என்று கேட்கலாம். நஷ்டம் நமக்குத்தான். கோவையில் லட்சக்கணக்கான பேர் திமுக கூட்டணிக்கு ஓட்டுப் போட்டார்கள், கையில் வந்தது பூஜ்யம். கரூரில் அதிமுகவுக்குப் போட்டவர்களுக்கும் பூஜ்யம். அதன்பிறகு வரைபடத்தில் அவர்கள் கிடையவே கிடையாது. 2021 அமைச்சரவையில் கோவை மாவட்டத்துக்காரர் ஒருவரும் இல்லை, பொறுப்பு அமைச்சர் கரூரிலிருந்து வந்தார். அந்த மே மாதம் கொரோனா உச்சத்தில் இருந்தபோது, ஓட்டுப் போடாத கோபத்தில் கோவைக்குத் தடுப்பூசி குறைவாகத் தருகிறார்கள் என்று எதிர்க்கட்சிகள் குற்றம் சாட்டின, அரசு மறுத்தது. மே 30 அன்று முதல்வர் ஸ்டாலின் பாதுகாப்பு உடை மாட்டிக்கொண்டு கோவை இஎஸ்ஐ மருத்துவமனை வார்டுக்குள்ளேயே போய் வந்தார். யார் சொன்னது சரி என்பது இருக்கட்டும். ஆக்சிஜன் படுக்கைக்கு அலைகிற ஊரில் 'நீ எந்தக் கட்சி மாவட்டம்' என்று ஒரு சந்தேகம் முளைக்க முடிந்ததே, அதற்கு உரம் போட்டது யார்? கோட்டை என்று கூவியவர்கள்தான்.

ஜூலையில் இன்னொரு கூத்து. தாராபுரத்தில் தோற்ற முருகன் ஒன்றிய இணை அமைச்சரானபோது வெளியான குறிப்பில் ஊர் 'கொங்கு நாடு, தமிழ்நாடு' என்று இருந்தது. உடனே தனி மாநிலப் பேச்சு கிளம்பியது. 61ல் 20 தொகுதி எதிரணிக்குப் போன ஒரு நிலத்தை ஒரே மனசுக்காரர்களின் நாடாக்கப் பார்த்தார்கள்.

அப்புறம் சாதி. 'கொங்கு' என்று சொல்லும்போது பேசுகிறவர் மனதில் ஓடுவது பெரும்பாலும் ஒரே ஒரு சாதிதான். வால்பாறை எஸ்டேட் லயத்தில் இருப்பவர், இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிக் கூடலூரில் தேயிலை பறிப்பவர், திருப்பூருக்குத் தெற்கிலிருந்து பனியன் தைக்க வந்து இங்கேயே ஓட்டர் ஆனவர், பவானிசாகர் அருந்ததியர், ஏற்காடு மலையாளி இவர்களெல்லாம் எந்த மண்டலம்? இந்த ஒன்பது மாவட்டத்தில்தான் ஓட்டுப் போடுகிறார்கள். இரண்டு பெரிய கட்சிகளுமே அதே சாதி வேட்பாளர்களைத்தான் போட்டிபோட்டு நிறுத்துகின்றன என்பதால், அந்தச் சாதியின் ஓட்டும் ஒரே பெட்டியில் விழுவதில்லை.

அத்திக்கடவு அவிநாசித் திட்டத்துக்கு இந்தப் பக்கத்து விவசாயிகள் 60 வருடம் மனு கொடுத்தார்கள். 2019ல் எடப்பாடி பழனிசாமி அடிக்கல் நாட்டினார், 2024 ஆகஸ்டில் ஸ்டாலின் திறந்து வைத்தார். இரண்டு பேரும் 'நான்தான் கொண்டுவந்தேன்' என்றார்கள். கட்சியும் சாதியும் பார்த்து நிரம்பின குளம் ஒன்றும் இல்லை.

மாவட்டம் மாவட்டமாக முடிவைப் பார்த்தே தீருவேன் என்பவர்களுக்கு ஒரு உதாரணம் பக்கத்திலேயே இருக்கிறது. இலங்கையில் 1989லிருந்து நாடாளுமன்றத் தேர்தலில் மாவட்டத்துக்கு இத்தனை சீட்டு என்று வைத்து ஓட்டு விகிதப்படி பிரிக்கிறார்கள், முதலில் வந்த கட்சிக்குக் கூடுதலாக ஒன்று. ஒரே கட்சிக்காரர்களே விருப்பு வாக்குக்காக ஒருவரையொருவர் கடித்துக்கொள்கிறார்கள் என்ற வியாதி அங்கேயும் உண்டு. ஆனாலும் 2021ல் கோவையின் பத்து சீட்டை அப்படிப் பிரித்திருந்தால் நிச்சயம் பத்து பூஜ்யம் வந்திருக்காது. கரூரிலும் நாலு பூஜ்யம் வந்திருக்காது. டிவிக்காரர்களுக்குத்தான் பாவம், வரைபடத்துக்கு அடிக்க ஒரே கலர் கிடைத்திருக்காது :-)