வியாழன் இரவும் நம் கைப்பிரம்பும்

நம் பள்ளிவாசல் மேடைகளில் மிக எளிதாகப் பேசக்கூடிய பொருள் ஒன்று உண்டு. இசையும் சினிமாவுமே அது. நூல் புரட்ட வேண்டியதில்லை. முன்னோர் சொல்லைத் தேட வேண்டியதில்லை. குரலை உயர்த்தினால் போதும். கச்சேரிக்குப் போனவன் கெட்டான், கொட்டகைக்குப் போனவன் தொலைந்தான் என்று முடித்துவிட்டால் முன்வரிசை முதியவர்கள் தலையசைப்பார்கள். பின்வரிசை இளைஞர்கள் தலை குனிவார்கள். கடமை தீர்ந்தது என்று பேசியவர் இறங்கி விடுவார். அவ்வாறு பேசி இறங்கியவர்களில் நானும் ஒருவன். முப்பது ஆண்டுகளாக அரபுப் பாடம் நடத்தி வருபவன். ஆகவே இக்கட்டுரையில் நான் சாடுவது பிறரை மட்டும் அன்று என்பதை முதலிலேயே சொல்லி விடுகிறேன்.

1998ஆம் ஆண்டு. மத்ரஸாக்களில் வியாழன் நண்பகலோடு பாடம் முடிந்துவிடும், வெள்ளி விடுமுறை. வியாழன் மாலை என்பது மாணவனுக்கு ஒரு சின்னஞ்சிறு பெருநாள். அத்தகைய ஒரு மாலையில் பக்கத்து ஊர்த் திருமணப் பந்தலில் நாகூர் ஹனிபா அவர்களின் கச்சேரி. நான் ஆசிரியனாக இருந்த மத்ரஸாவிலிருந்து இரண்டு மாணவர்கள் சொல்லாமல் சென்று கேட்டுவிட்டு நள்ளிரவில் திரும்பினார்கள். அதற்கு முந்திய வியாழன் அதே இருவரும் சினிமாக் கொட்டகையிலும் காணப்பட்டார்கள் என்று யாரோ வந்து சொன்னார்கள். காலையில் இருவரையும் தனித்தனியே அழைத்து விசாரித்தேன். ஒருவன், “போனேன் ஹஜ்ரத். பாட்டுக் கேட்க ஆசையாக இருந்தது” என்றான். மற்றவன், “மாமி வீட்டுக்குப் போயிருந்தேன்” என்றான். உண்மை சொன்னவன் கையில் அவனுடைய பெட்டியைக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பினேன். பொய் சொன்னவனைச் சாட்சியில்லை என்று விட்டுவிட்டேன். அவர் பின்னர் ஸனது பெற்று ஆலிமானார், நல்ல மனிதர்தாம். ஆனால் அந்த ஒரு காலைப்பொழுதில் அவர் என்னிடம் கற்ற பாடம் என்ன? உண்மை சொன்னவன் அன்று எதைக் கற்றுக்கொண்டு போனான்? கடைத்தெருவில் இன்றும் அவனைப் பார்க்கிறேன். ஸலாம் சொல்கிறான், முகம் பார்ப்பதில்லை. ஜும்ஆவுக்கு மட்டும் வருகிறான். கடைசி ஸஃப்பில் நின்று முதல் ஆளாக வெளியேறுகிறான்.

அவனிடம் நான் கேட்டிருக்க வேண்டிய கேள்விகள் பல. என்ன பாட்டுக் கேட்டாய்? இஷா தொழுதாயா? யாருடன் போனாய்? எவ்வளவு செலவழித்தாய்? ஒன்றையும் நான் கேட்கவில்லை. ‘போனாயா?’ என்ற ஒரே கேள்வியில் தீர்ப்பை முடித்துவிட்டேன். மார்க்கச் சட்டம் தந்த தராசைக் கீழே வைத்துவிட்டுப் பிரம்பைக் கையில் எடுத்தேன்.

அந்தத் தராசு எப்படிப்பட்டது? அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவித்து, ஸஹீஹுல் புகாரியில் இடம் பெற்றுள்ள நிகழ்ச்சியை அறியாதார் யார்? பெருநாளன்று அன்னையாரின் இல்லத்தில் இரு சிறுமியர் பாடிக்கொண்டிருந்தனர். உள்ளே வந்த அபூபக்கர் (ரலி) அவர்கள் கடிந்தார்கள். அங்கேயே படுத்திருந்த பெருமானார் (ஸல்) அவர்களோ, இது பெருநாள், அவர்களை விட்டுவிடுங்கள் என்ற கருத்தில் தடுத்தார்கள். அச்சிறுமியர் பாட்டைத் தொழிலாகக் கொண்டவர் அல்லர் என்னும் குறிப்பும் அந்த அறிவிப்பிலேயே உண்டு. அதை மறைத்துப் பேச நான் விரும்பவில்லை. ஹபஷிகள் பள்ளிவாசலில் ஈட்டி விளையாட்டு நிகழ்த்திய செய்தியும் நாம் அறிந்ததே. உமர் (ரலி) அவர்கள் அவர்கள் மீது எறியக் கல்லெடுக்கக் குனிந்தார்கள். நாயகம் (ஸல்) அவர்கள் விடச் சொன்னார்கள். அன்னையார் அவ்விளையாட்டைக் காண விரும்பியபோது, தாமே முன்னின்று, தமக்குப் பின்னிருந்து பார்க்கச் செய்து, அன்னையாருக்குச் சலிக்கும் வரை நின்று கொடுத்தார்கள். இளம் வயதினருக்கு வேடிக்கை காணும் ஆசை இருக்கும் என்பதை அன்னையாரே அவ்விடத்தில் எடுத்துரைக்கிறார்கள். கல்லெடுத்த கையை நாம் பின்பற்றுகிறோம். அதைத் தடுத்த கையையும், சலிக்கும் வரை உடன் நின்ற பொறுமையையும் மறந்துவிடுகிறோம்.

இமாம்கள் என்ன சொன்னார்கள்? கடுமையாகச் சொன்னவர்கள் பலர் என்பதே நேர்மையான விடை. ஷாஃபிஈ மத்ஹபின் மின்ஹாஜில் இமாம் நவவி அவர்கள் கருவியில்லாத பாட்டை வெறுக்கத்தக்கது என்ற அளவில் நிறுத்தி, குடியர் கூட்டத்தின் அடையாளமான தம்பூர் போன்ற கருவிகளை விலக்கி, திருமணத்திலும் கத்னாவிலும் தஃப் கொட்டுவதை அனுமதிக்கிறார்கள். ஹிஜ்ரி 505இல் மறைந்த இமாம் கஸ்ஸாலி அவர்கள் இஹ்யாவில் இசை கேட்பதற்கென்றே ஒரு தனி நூலை ஒதுக்கினார்கள். அடிப்படையில் கேட்டல் ஆகுமானது. பாடுபவர், கருவி, பாட்டின் பொருள், கேட்பவனின் உள்ளநிலை, அதிலேயே மூழ்கிக் கிடக்கும் வழக்கம் ஆகியவற்றால் அது விலக்கப்பட்டதாக மாறும் என்று பகுத்துரைத்தார்கள். அவர்களும் நரம்புக் கருவிகளையும் குழல்களையும் விலக்கவே செய்தார்கள்; ஆயினும் காரணம் காட்டி விலக்கினார்கள். அந்தலூஸின் இப்னு ஹஸ்ம் அவர்களோ, தடை கூறும் அறிவிப்புகளில் ஆதாரப்பூர்வமானது இல்லை என்று வாதிட்டு அனுமதித்தார்கள். இவ்வளவு வேறுபாடு உள்ள ஒரு பொருளில், ஒருமித்து விலக்கப்பட்டதையே வன்மையாகக் கண்டிக்க வேண்டும் என்பது நம் ஃபிக்ஹு நூல்கள் கற்பிக்கும் நெறி. இதை மாணவர்களுக்குப் பாடமாக நடத்துகிறோம். மேடையில் ஏறியதும் மறக்கிறோம்.

சட்டம் இருக்கட்டும், நம் சமுதாயத்தின் நடைமுறையையே பாருங்கள். உமறுப் புலவரின் சீறாப்புராணம் நம் ஊர்களில் இராகமிட்டு ஓதிப் பொருள் சொல்லப்பட்ட காவியம். முனாஜாத்தும் கிஸ்ஸாவும் நாமாவும் படைப்போரும் பாடக் கேட்டு வளர்ந்த வீடுகள் நம் வீடுகள். குணங்குடி மஸ்தான் சாகிபின் பாடல்களை அறியாத தமிழ்க் காது எது? அந்த மரபின் தொடர்ச்சியாகத்தான் இசைமுரசு நாகூர் ஹனிபா வந்தார். திருமணப் பந்தலிலும் மீலாது மேடையிலும் கந்தூரித் திடலிலும் அவர் பாட, நம் தந்தையர் தரையில் அமர்ந்தும் தாய்மார் தட்டிக்கு அப்பால் அமர்ந்தும் கேட்டார்கள். பாட்டு முடிந்து வீடு திரும்பும் வழியெல்லாம் நபிமார் வரலாறே பேச்சாக இருந்தது. எழுத்தறியாத எத்தனையோ பேர் தம் மார்க்கத்தின் வரலாற்றில் பாதியை அந்த வெண்கலக் குரலில்தான் கற்றார்கள். அதே சமுதாயம் அவரைத் தமிழ்நாடு வக்ஃபு வாரியத்தின் தலைவராகவும் பார்த்தது. 2015 ஏப்ரலில் அவர் மறைந்தபோது கண்ணீர் விட்டது. அவரைக் கேட்கப் போன பதினெட்டு வயதுப் பையனை மட்டும் நாம் பெட்டியோடு அனுப்பினோம்! இதற்குப் பெயர் பேணுதலா, இரட்டை நாக்கா?

சினிமாவுக்கும் நமக்கும் உள்ள தொடர்பும் இப்படிப்பட்டதே. 1961இல் வெளிவந்த ‘பாவ மன்னிப்பு’ படத்தில் முஸ்லிம் பெரியவர் ஒருவரால் வளர்க்கப்படும் ரஹீமாகச் சிவாஜி கணேசன் நடித்தார். அப்படத்தின் பெருநாள் பாட்டில் டி.எம்.சௌந்தரராஜனோடு சேர்ந்து ஒலிப்பது நாகூர் ஹனிபாவின் குரலே. அது மறுபடியும் மறுபடியும் ஊர்க் கொட்டகைகளுக்கு வந்தபோதெல்லாம், மணலைக் குவித்து மேடாக்கி அமர்ந்து பார்த்தவர்களில் நம் தெருக்காரர்கள் இல்லையா? மாற்றுமத நண்பரின் அருகில் அமர்ந்து, நம் பெருநாளைத் திரையில் அவரும் ரசிப்பதைக் கண்ட பெருமிதம் நமக்கு இல்லையா? பார்த்தோம், பிறகு பிள்ளைகளிடம் மறைத்தோம்.

ரசிகன் என்றாலே வெறுமையாளன் என்று எண்ணுவோருக்கு அரபுலகிலிருந்தே ஒரு சான்று காட்டுகிறேன். உம்மு குல்தூம், எகிப்தின் சிற்றூர் ஒன்றில் பள்ளிவாசல் இமாமின் மகள். குர்ஆன் ஓதப் பயின்ற நாவோடும், தந்தையுடன் சென்று புகழ்ப்பாக்கள் பாடிய பழக்கத்தோடும் கெய்ரோவுக்கு வந்தவர். பெண்குரல் பற்றிய சட்டப் பேச்சு வேறு. அதை இங்கே நான் எடுக்கவில்லை. நான் காட்ட விரும்புவது அவரைக் கேட்டவர்களை. 1934இல் எகிப்திய வானொலி தொடங்கிய பின், மாதத்தின் முதல் வியாழன் இரவு என்றால் அவருடைய கச்சேரி என்று ஆயிற்று. வியாழன் இரவு என்பதைக் கவனியுங்கள். என் மாணவர்கள் சென்ற அதே இரவு! 1960களில் கெய்ரோவின் கஸ்ருந் நீல் திரையரங்கே அவ்விரவுகளில் இசையரங்காக மாறியது. அங்கே கூடிய தேர்ந்த ரசிகர்களுக்கு ‘ஸம்மீஆ’ என்று பெயர். கேட்கத் தெரிந்தவர்கள் என்பது பொருள். ஓர் அடி நெஞ்சைத் தொட்டால் மீண்டும் பாடு என்பார்கள். அவரும் அதையே வேறு வேறு விதமாய்ப் பாடுவார். ஷவ்கீயின் நபிபுகழ்ப் பாவையும், அரபியில் பெயர்க்கப்பட்ட இக்பாலின் கவிதையையும் படிப்பறியாத பாமரரும் மனனம் செய்தது அந்தக் கேள்வியினால்தான். 1967 போரில் நாடு தோற்று நின்றபோது அவர் பாரிஸ் வரை சென்று பாடி, ஈட்டியதை நாட்டுக்கே கொடுத்தார். தன் ரசிகர்களை மதித்த சமுதாயம் தன் மொழியை அவர்கள் நாவில் காப்பாற்றிக்கொண்டது. நாமோ ரசிகனை விரட்டினோம். விரட்டப்பட்டவன் எங்கே போனான்?

அதையும் சொல்ல வேண்டும். திருமணத்தில் பாட்டுக்கச்சேரி வைத்தால் நிக்காஹ் நடத்தித் தர மாட்டோம் என்ற கண்டிப்பு சில ஊர்களில் வந்தது. பந்தல் அமைதியாயிற்று, பையன் அமைதியாகவில்லை. நகரத்துத் திடலில் நடக்கும் பெருங்கச்சேரிக்கு ஆயிரக்கணக்கில் கொடுத்துச் சீட்டு வாங்குகிறான். 2023 செப்டம்பரில் சென்னைக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் நடந்த ஏ.ஆர்.ரஹ்மான் இசைநிகழ்ச்சியில் சீட்டு இருந்தும் உள்ளே நுழைய முடியாமல் நெரிசலில் தவித்துத் திரும்பியவர் பலர். புதுப்படம் வெளியாகும் நாளில் கட்அவுட்டுக்குப் பால் ஊற்றுகிறவர்களின் கூட்டத்தில் நம் பிள்ளையும் நிற்கிறான். 2024 டிசம்பரில் ஐதராபாத்தில் ஒரு நடிகரைக் காண முண்டிய கூட்ட நெரிசலில், குடும்பத்தோடு படம் பார்க்க வந்த ஒரு தாய் உயிரிழந்தார். மனிதனின் உருவத்துக்குப் பால் வார்ப்பதும், பொருளை வீணடிப்பதும், கடன் வாங்கிக் களிப்பதும், தொழுகையைத் தொலைப்பதும், பிறர் உயிருக்கு உலை வைப்பதும் விலக்கப்பட்டவை என்பதில் எந்த இமாமுக்கும் கருத்து வேறுபாடு இல்லை. இவற்றைத்தான் நாம் வன்மையாகக் கண்டிக்க வேண்டும். ஆனால் நம் சொல் அவன் காதில் ஏறுமா? நபிபுகழ் கேட்கப் போனபோதும் தொலைந்தாய் என்றோம். பால் ஊற்றப் போகும்போதும் தொலைந்தாய் என்கிறோம். இரண்டுக்கும் ஒரே தண்டனை என்றால் அவனுக்கு இரண்டும் ஒன்றுதானே!

‘தீமைக்குச் செல்லும் வழியை முன்னரே அடைப்பது மார்க்கத்தின் நெறி அல்லவா?’ என்று கேட்பார்கள். ஆம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எந்த வழியை அடைத்தோம்? தெரு வழியை அடைத்தோம். அந்தத் தெருவிலோ நாலு பேர் பார்ப்பார்கள் என்ற நாணம் இருந்தது. இத்தனை மணிக்குள் திரும்ப வேண்டும் என்ற கணக்கு இருந்தது. இன்று அதே பையன் கதவைத் தாழிட்டு, போர்வைக்குள் கைப்பேசியை வைத்து, விடியும் வரை எதையும் பார்க்கலாம். நாணமும் இல்லை, கணக்கும் இல்லை. ஒளிவாக இருந்த வழியைத் திறந்துவிட்டு, வெளிச்சமாக இருந்த வழியை அடைத்தவர்கள் நாம். அதைத் தீமைத் தடுப்பு என்று பெருமைப்படலாமா?

ஆகவே பெற்றோர்களுக்கும் என்னைப் போன்ற ஆசிரியர்களுக்கும் நான் சொல்வது இது. பிள்ளை கச்சேரிக்குப் போக வேண்டும் என்றால், என்ன பாட்டு என்று கேளுங்கள். படம் பார்க்க வேண்டும் என்றால், என்ன கதை என்று கேளுங்கள். நல்லதாயின் ஒருநாள் உடன் செல்லுங்கள். மஃரிபைத் தொழுதுவிட்டுப் புறப்படுங்கள். திரும்பியதும் இஷாவைச் சேர்ந்து தொழுங்கள். திரையில் கண் கூசும் காட்சி வந்தால் மகனின் தோளைத் தொட்டு, “எழுந்திரு வாப்பா, போவோம்” என்று பாதியிலேயே எழுந்து வாருங்கள். நாற்பது ஜும்ஆப் பேச்சு கற்பிக்காததை அந்த ஓர் எழுச்சி கற்பிக்கும். உங்கள் ஊர்ப் பந்தலில் நல்ல தமிழில் நபிபுகழ் பாடுவோரை மீண்டும் ஏற்றுங்கள். கருவி பற்றி உங்கள் மத்ஹபுக்குத் தடையுண்டு எனில், தஃப் மட்டும் போதும், குரலுக்குப் பஞ்சமில்லை.

பெட்டியோடு நான் அனுப்பிய மாணவனுக்கு இக்கட்டுரை கிடைக்குமா என்று தெரியவில்லை. கிடைத்தால் அவர் அறியட்டும்: அன்று உண்மை சொன்னவர் அவர், தவறியவன் நான். அவருடைய மகனுக்கு இப்போது ஏறத்தாழ அந்த வயது இருக்கும். ஏதேனும் ஒரு வியாழன் மாலை அந்தப் பிள்ளை, “பாட்டுக் கேட்கப் போகட்டுமா வாப்பா?” என்று கேட்டால், என் கைப்பிரம்பின் நினைவு அவருடைய விடையில் கலவாதிருக்க வல்ல அல்லாஹ் அருள்புரிவானாக! ஆமீன்.