179 விக்கெட்டும் ஒரு மண்குவளையும்

பிராட்மன் சராசரி 99.94. கவாஸ்கர் 10,122. முரளி 800. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்கள் நம் பிள்ளைகள். விடுதி அறையில், டீக்கடை பெஞ்சில், எங்கள் வங்கியின் மதியச் சாப்பாட்டு மேசையில், எங்கே உட்கார்ந்தாலும் இந்தக் கணக்குதான். ஒருத்தன் ஒரு எண்ணைப் போடுவான், இன்னொருத்தன் அதுக்கு மேலே ஒன்றைப் போடுவான். கெட்ட பழக்கம் என்று சொல்லமாட்டேன். எண்ணை மனசில் வைத்திருக்கிற சனத்தை ஏய்ப்பது கொஞ்சம் கஷ்டம். ஆனால் எந்த எண் நம் மனசுக்குள் இறக்கப்படுகிறது, எது வாசலிலேயே நிறுத்தப்படுகிறது? 33 ஆட்டம், 179 விக்கெட், சராசரி 15.21. இது யாருடைய கணக்கு என்று கேட்டுப் பாருங்க. பத்துப் பேரில் ஒருத்தர் சொன்னால் பெரிசு.

பல்வாங்கர் பாலு. 1876இல் தார்வாடில் பிறந்தவர். தோல் தொழிலோடு கட்டிப்போடப்பட்ட சமார் சாதி. இடதுகைச் சுழற்பந்து. இவருடைய வாழ்க்கையை ராமச்சந்திர குஹா 2002இல் வந்த தன் ஆங்கில நூலில் விரிவாக எழுதிவிட்டார். பாலுவின் பெயர் மறுபடி பேசப்படுவதில் அந்த நூலுக்குப் பெரிய பங்குண்டு. எனக்கு இங்கே வேண்டியது எண்கள் மட்டும். பேரேடு எழுதிப் பிழைக்கிறவனுக்கு ஒரு தொகையைப் பார்த்ததும் முதலில் தோன்றுவது, இது எந்தத் தேதியிலிருந்து எடுத்த கணக்கு என்பதுதான்.

தேதியைப் பாருங்கள். பாலுவின் 'முதல்தர' ஆட்டக் கணக்கு 1905-06இல் தொடங்குகிறது. அப்போது அவருக்கு முப்பதைத் தொடுகிற வயசு. இன்றைக்கு முப்பது வயசில் ஒரு சுழற்பந்து வீச்சாளன் பாதி வாழ்க்கையை ஆடி முடித்திருப்பான். அதற்கு முந்தைய வருசங்களில் பாலு என்ன, சும்மாவா இருந்தார்? பூனாவில் பார்சிகளின் மைதானத்தில் ஆடுகளத்தைப் பெருக்கி, உருளை இழுத்துக்கொண்டிருந்தார். மாதம் மூன்று ரூபாய். அப்புறம் வெள்ளைக்காரர்களின் கிளப். அங்கே நாலு ரூபாய். வலை கட்டுவது, கோடு போடுவது, துரைமார் பயிற்சி எடுக்கப் பந்து போடுவது. அவர்களில் நல்ல மட்டைக்காரர் ஜே.ஜி. கிரெய்க். தன்னை ஒருமுறை அவுட்டாக்கினால் எட்டணா என்று அவர் கொடுத்ததாக ஒரு கதை உண்டு. கதை நிசமானால், மாதத்தில் எட்டுத் தடவை கிரெய்க்கை வீழ்த்தினால் பாலுவின் சம்பளம் இரட்டிப்பு. அந்த விக்கெட்டுகளில் ஒன்றுகூட எந்தப் புத்தகத்திலும் ஏறவில்லை. கிரெய்க் அந்தப் பயிற்சியால் எடுத்த ஓட்டங்கள் ஏறியிருக்கின்றன. உழைப்பு ஒரு பக்கம், வரவு இன்னொரு பக்கம். நமக்குப் புதுசா என்ன?

அந்த கிளப்பில் மணிக்கணக்காகப் பந்து போட்டவரிடம் ஒரு தடவைகூட மட்டையைக் கொடுக்கவில்லையாம். மட்டை பிடிப்பது பெரிய மனுசர்களின் வேலை, பந்து போடுவது கூலியாளின் வேலை. பாலுவின் மட்டைக் கணக்கு: 753 ஓட்டம், சராசரி 13.69. புள்ளிவிவரப் பிரியர்கள் இதைப் பார்த்து 'மட்டை வராது' என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். 13.69 என்கிற எண்ணுக்குள் ஒரு பூட்டிய அறை இருக்கிறது, அந்த அறைக்குள் மட்டைகள் அடுக்கிவைக்கப்பட்டிருக்கின்றன என்பது அவர்கள் பட்டியலில் தெரியாது. 

ஒரு நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். அந்தக் காலத்து ஆடுகளங்கள் பந்துவீச்சுக்குத் தோதானவை. 15.21ஐ இன்றைய சராசரிகளோடு அப்படியே நிறுத்துப் பார்ப்பது சரியில்லை. சரி, இந்தியாவை விடுங்கள். 1911இல் பாட்டியாலா மகாராஜா பூபிந்தர் சிங் தலைமையில் ஒரு அணி இங்கிலாந்து போனது. மகாராஜா சில ஆட்டங்களோடு நிறுத்திக்கொண்டார். அணி 14 முதல்தர ஆட்டம் ஆடி 10இல் தோற்றது. தோற்ற அணியின் பந்துவீச்சாளர், 35 வயசுக்காரர், முதல்தர ஆட்டங்களில் மட்டும் 75 விக்கெட். சராசரி 20.12. எல்லா ஆட்டங்களையும் சேர்த்தால் 114. முதல்தர ஆட்டங்களில் ஜெயித்ததே இரண்டு. லெஸ்டர்ஷயரோடு ஆடியதில் பாலு 11 விக்கெட், சாமர்செட்டோடு ஆடியதில் அவர் தம்பி சிவராம் சதம். அதாவது அந்தப் பயணத்தின் இரண்டு முதல்தர வெற்றியிலும் ஒரு சேரிக் குடும்பத்தின் கை இருக்கிறது. தன் மொத்த 179இல் 75ஐ ஒரே கோடையில் எடுத்திருக்கிறார் மனுசன். மிச்சம் 104 பதினைந்து வருசத்தில். இந்தியாவில் அவருக்குக் கிடைத்த முதல்தர ஆட்டங்களே அவ்வளவுதான்.

இந்தியாவில் அவர் ஆடியது இந்துக்கள் அணிக்கு. இந்தப் பெயரைக் கவனியுங்கள். பூனாவில் முதலில் அவரைச் சேர்த்துக்கொண்டபோது, மைதானத்தில் அவர் தொட்ட பந்தைத்தான் பார்ப்பனரும் பிடித்தார்கள், எறிந்தார்கள். பந்துக்குத் தீட்டு இல்லை. தேநீர் இடைவேளை வந்ததும் தீட்டு வந்துவிட்டது. மற்றவர்களுக்கு உள்ளே பீங்கான் கோப்பை, பாலுவுக்கு வெளியே மண்குவளை, குடித்ததும் எறிந்துவிடலாம். சாப்பாடு தனித் தட்டில். இரட்டைக் குவளையைப் பற்றி இந்த இதழை வாசிக்கிறவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. 1906இல் பம்பாயில் இந்துக்கள் ஐரோப்பியர்களை 109 ஓட்டங்களில் தோற்கடித்தார்கள். 242, 160. எதிரணி 191, 102. விக்கெட் எடுக்க சேரிக்காரன் வேண்டும். ஜெயித்தபின் அது 'இந்துக்களின் வெற்றி'.

இன்னொரு எண், பூஜ்யம். பாலு தலைவராக அறிவிக்கப்பட்ட ஆட்டங்களின் எண்ணிக்கை. வருசா வருசம் கோரிக்கை எழுந்தது, வருசா வருசம் மேல்சாதிக்காரர் ஒருவர் தலைவரானார். 1913இல் தலைவராக இருந்த எம்.டி. பாய், இந்தப் பதவி பாலுவுக்குப் போயிருக்க வேண்டியது என்று வெளிப்படையாகவே சொன்னார். சொன்னது நல்லதுதான், பதவியை விட்டுக்கொடுக்கவில்லை. 1920இல் தம்பிகள் விட்டலும் சிவராமும் அவமானத்தைப் பொறுக்காமல் அணியைவிட்டு வெளியேறினார்கள். நிர்வாகம் இறங்கிவந்தது, பாலு துணைத்தலைவர் ஆனார். 1923இல் விட்டலே தலைவர், அந்த வருசம் கோப்பையும் அவர்களுக்கே. அந்தப் பதவி கருணையில் வந்ததாக எழுதுகிறவர்கள் 1920ஐத் தாண்டிக் குதித்துவிடுகிறார்கள்.

'பாலு டெஸ்ட் ஆடவில்லையே, அதனால்தான் பட்டியலில் இல்லை' என்பார்கள். இந்தியா முதல் டெஸ்ட் ஆடியது 1932இல். பாலுவுக்கு அப்போது 56 வயசு. போகட்டும். ரஞ்சி கோப்பை, துலீப் கோப்பை, தேவ்தர் கோப்பை: இந்த மூன்று பெயருக்கும் என்ன பொது? மூவருமே இந்தியாவுக்கு ஒரு டெஸ்ட்கூட ஆடாதவர்கள். ரஞ்சி இங்கிலாந்துக்கு 15, துலீப் இங்கிலாந்துக்கு 12. தேவ்தர் யாருக்கும் ஆடவில்லை. இரண்டு பேர் அரச குடும்பம், ஒருவர் பூனாப் பார்ப்பனர். ரஞ்சி கோப்பையைக் கொடுத்தது யார் என்றால், 1911இல் சில ஆட்டங்களோடு நிறுத்திக்கொண்ட அதே மகாராஜா. 114 விக்கெட் எடுத்தவர் பெயரில் கோப்பை கிடையாது. தகுதி என்று ஒரு அளவுகோல் வைத்திருக்கிறார்களே, அதன் நீளம் ஆளுக்கு ஆள் மாறுவதைக் காட்ட இதைவிடச் சின்ன உதாரணம் வேண்டாம்.

இதெல்லாம் அவர்கள் தரப்பு. நம் தரப்பிலும் ஒரு தயக்கம் இருக்கிறது. பாலுவைப் பற்றிப் பேச்செடுத்தால், 'அண்ணலை எதிர்த்து நின்ற ஆள்தானே' என்று முகம் திருப்புகிற தோழர்கள் உண்டு. உண்மைதான். 1932இல் தனித்தொகுதிக் கோரிக்கையில் அவர் அம்பேத்கரோடு இல்லை, எம்.சி. ராஜாவின் பக்கம் இருந்தார். 1937 தேர்தலில் பம்பாயில் காங்கிரஸ் அவரை அம்பேத்கருக்கு எதிராகவே நிறுத்தியது. அம்பேத்கர் 13,245, பாலு 11,225. ஒரு தாழ்த்தப்பட்டவரைத் தோற்கடிக்க இன்னொரு தாழ்த்தப்பட்டவரைத் தேடிப் பிடிக்கிற தந்திரம் அன்றைக்கே முழுசாக வேலை செய்திருக்கிறது. பாலுவின் புகழை ஓட்டாக மாற்றப் பார்த்தார்கள். அதற்கு அவர் இடம் கொடுத்தார். நான் அதை நியாயப்படுத்த வரவில்லை. ஆனால் பூனா ஒப்பந்தத்தில் ராஜாவின் கையெழுத்து இருக்கிறது, இரட்டைமலை சீனிவாசன் கையெழுத்து இருக்கிறது, பாலுவின் கையெழுத்தும் இருக்கிறது. நம் முன்னோடிகளின் வரிசையிலிருந்து ராஜாவை எடுத்துவிட்டோமா? பிறகு பாலுவுக்கு மட்டும் என்ன தனிக்குவளை? இங்கிலாந்திலிருந்து திரும்பிய பாலுவுக்கு 1911இல் தாழ்த்தப்பட்டோர் எடுத்த பாராட்டு விழாவுக்கு வரவேற்பு மடல் எழுதியது கல்லூரி மாணவராக இருந்த அம்பேத்கர்தான் என்று சொல்கிறார்கள். 

விடுதிகளில் ஏப்ரல் 14க்கு வினாடி வினா வைக்கிற மாணவத் தோழர்கள் 114ஐயும் கேட்கட்டும், 11,225ஐயும் கேட்கட்டும். பாலு 1955இல் பம்பாயில் இறந்தார். தம்பி விட்டல் 1948இல் மராத்தியில் தன் விளையாட்டு வாழ்க்கையை எழுதிப் புத்தகமாக்கியிருக்கிறார். மராத்தி தெரிந்த தோழர் யாராவது அதிலிருந்து ஒரு அத்தியாயத்தைத் தமிழில் தந்தால், இதழில் பக்கம் ஒதுக்கச் சொல்லி ஆசிரியரிடம் நானே சண்டை போடுகிறேன். என் கவிதையை வேண்டுமானால் அடுத்த இதழுக்குத் தள்ளிக்கொள்ளட்டும்.