சாலையை மறித்த வாட்ஸ்அப் வதந்தி: ஹாஸ்டல் தோழிகளுக்கு நடுவே போன் என்ன செய்தது?

திருவள்ளூர் மாவட்டத்தின் வடமேற்கு ஓரத்தில், ஆந்திர எல்லையை ஒட்டி இருக்கிறது பள்ளிப்பட்டு. அதே மாவட்டத்தின் இன்னொரு கோடியில் கும்மிடிப்பூண்டி சிப்காட். தெற்கே போனால், பக்கத்து மாவட்டமான காஞ்சிபுரத்தில் ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம் தொழிற்சாலைகள். பள்ளிப்பட்டு மாதிரி ஊரில் இருந்து இந்தப் பக்கம் வேலைக்குப் போகும் ஒரு பெண், ஷிஃப்ட் முடிந்து தினமும் வீடு திரும்புவது சுலபமில்லை. ஹாஸ்டலில்தான் தங்க வேண்டும். அவருக்கும் வீட்டுக்கும் நடுவே இருப்பது ஒரு போன். இது எல்லோருக்கும் தெரிந்த கதை. அதிகம் பேசப்படாதது வேறு ஒன்று: ஒரே ஹாஸ்டலில் தங்கும் தோழிகளுக்கு நடுவிலும் இருப்பது அதே போன்தான்.

அந்த நட்பு போனுக்குள் போனால் என்ன ஆகும் என்பதை 2021 டிசம்பரில் சென்னை - பெங்களூரு தேசிய நெடுஞ்சாலை பார்த்தது.

அன்று என்ன நடந்தது?

சுங்குவார்சத்திரத்தில் இருக்கும் ஃபாக்ஸ்கான் ஆலையில் ஆப்பிள் நிறுவனத்தின் ஐபோன்கள் தயாராகின்றன. அப்போது அங்கே சுமார் 17,000 பேர் வேலை பார்த்தார்கள். உற்பத்திப் பிரிவில் பெரும்பாலும் வெளியூரில் இருந்து வந்த இளம்பெண்கள். இவர்களில் ஒரு பகுதியினர் தங்கியிருந்த ஹாஸ்டல் பூந்தமல்லி அருகே, திருவள்ளூர் மாவட்ட எல்லைக்குள் இருந்தது.

டிசம்பர் 15-ஆம் தேதி அந்த ஹாஸ்டலில் சாப்பாடு ஒத்துக்கொள்ளாமல் பலருக்கு வாந்தி, வயிற்றுப்போக்கு. 159 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். இன்னும் சுமார் 100 பேருக்குப் பாதிப்பு இருந்தாலும் மருத்துவமனையில் சேரும் அளவுக்கு இல்லை.

அடுத்த இரண்டு நாளில், பாதிக்கப்பட்டவர்களில் சிலர் இறந்துவிட்டார்கள் என்ற தகவல் போன் போனாகப் பரவியது. உடம்பு சரியில்லாமல் போன சிலர் வேலைக்கும் வரவில்லை. 17-ஆம் தேதி இரவு பெண்கள் சாலையில் உட்கார்ந்தார்கள். மறுநாள் வரை நெடுஞ்சாலை நின்றது. யாரும் இறக்கவில்லை என்று அதிகாரிகள் சொன்னதை அவர்கள் உடனே நம்பவில்லை. கடைசியில், இறந்துவிட்டதாகச் சொல்லப்பட்ட பெண்களிடம் வீடியோ காலில் பேச வைத்துத்தான் அப்போதைய காஞ்சிபுரம் ஆட்சியர் ஆர்த்தி சமாதானப்படுத்த வேண்டியிருந்தது.

ஆட்சியர் நேரில் வந்து சொன்னதை விட, ஒரு சின்னத் திரையில் தெரிந்த தோழியின் முகத்துக்கு மதிப்பு அதிகமாக இருந்தது. வதந்தி வந்ததும் போன் வழியாக. அது பொய் என்று நிரூபணம் ஆனதும் போன் வழியாக.

ஏன் நம்பினார்கள்?

படிக்காத பிள்ளைகள், எதைப் போட்டாலும் நம்புவார்கள் என்று சிலர் அப்போது சுலபமாகச் சொல்லிவிட்டுப் போனார்கள். அது சரியான பதில் இல்லை.

ஹாஸ்டல் நட்பு எப்படி உருவாகிறது என்று பாருங்கள். ஒரே அறையில் ஆறு பேரில் இருந்து முப்பது பேர் வரை படுத்திருந்தார்கள் என்று அப்போது செய்திகள் வந்தன. பக்கெட்டுக்கு வரிசை, குளியலறைக்கு வரிசை, காய்ச்சல் வந்தால் மாத்திரை வாங்கித் தருவது, சம்பளம் வரும்வரை கைமாற்று. இதில் வளரும் நம்பிக்கை நிஜமானது. ஆனால் ஷிஃப்ட் மாறியதும் ஒருத்தி தூங்கும்போது இன்னொருத்தி வேலையில் இருப்பாள். பார்த்துக்கொள்ளவே முடியாது. பேச்சு முழுக்க வாட்ஸ்அப்புக்குப் போய்விடும். அறையில் சம்பாதித்த நம்பிக்கையை குரூப்பில் வரும் மெசேஜுக்கும் அப்படியே கொடுத்துவிடுகிறோம். சொல்வது அவள்தானே, பொய்யா சொல்வாள்?

அவள் பொய் சொல்லவில்லை. அவளுக்கும் யாரோ சொன்னதுதான். ஆனால் கேட்பவருக்கு அந்த ‘யாரோ’ தெரிவதில்லை. தெரிவது தோழியின் பெயரும் டிபியும் மட்டும்.

இதே மாவட்டத்தில் இதன் கொடூரமான முகத்தையும் பார்த்திருக்கிறோம். 2018 மே மாதம், பிள்ளை பிடிப்பவர்கள் வந்திருக்கிறார்கள் என்று வாட்ஸ்அப்பில் சுற்றிய வதந்தியால் பழவேற்காட்டில் ஒருவர் அடித்துக் கொல்லப்பட்டு, பாலத்தில் தொங்கவிடப்பட்டார். நாடு முழுக்க இப்படிக் கொலைகள் நடந்த பிறகு, அந்த ஆண்டு ஜூலையில் வாட்ஸ்அப் ‘ஃபார்வர்டட்’ என்ற அடையாளத்தைக் கொண்டு வந்தது. இந்தியாவில் ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கு அல்லது குரூப்புக்கு மேல் ஃபார்வர்டு செய்ய முடியாது என்ற கட்டுப்பாட்டையும் அறிவித்தது.

அந்தக் கட்டுப்பாடு ஃபார்வர்டுக்குத்தான். தோழி தன் குரலில் அழுதுகொண்டே அனுப்பும் வாய்ஸ் நோட்டுக்கு எந்த அடையாளமும் கிடையாது. அவள் கையால் டைப் பண்ணும் நாலு வரிக்கும் கிடையாது. தெரிந்தவர் சொல்லும் பொய்யான தகவலைப் பிடிக்க எந்த ஆப்பிலும் வழி இல்லை.

இன்னொரு வித்தியாசமும் உண்டு. பழவேற்காட்டில் தெரிந்தவர் சொன்னதை நம்பி, தெரியாத ஒருவரைக் கொன்றார்கள். சுங்குவார்சத்திரத்தில் தெரிந்தவர் சொன்னதை நம்பி, தெரிந்த பெண்களுக்காக ராத்திரி முழுக்க ரோட்டில் உட்கார்ந்தார்கள். இரண்டையும் ஒரே ‘வதந்தி’ என்ற பெட்டியில் போடுவது நியாயமில்லை.

வதந்தி மட்டும்தானா?

சாவு செய்தி பொய். மற்றது எல்லாம் உண்மை. சாப்பாடு கெட்டிருந்தது உண்மை. 159 பேர் படுக்கையில் இருந்தது உண்மை. ஆப்பிள் அனுப்பிய ஆய்வாளர்களே சில விடுதிகளும் சாப்பாட்டுக் கூடங்களும் தங்கள் விதிமுறைப்படி இல்லை என்று கண்டுபிடித்தார்கள். டிசம்பர் 29 அன்று அந்த ஆலையைக் கண்காணிப்பில் வைப்பதாக ஆப்பிள் சொன்னது. ஃபாக்ஸ்கான் மன்னிப்புக் கேட்டது. ஆலை 2022 ஜனவரி 12-ஆம் தேதிதான் திரும்பத் திறந்தது. வதந்தி பரப்பியதாகச் சிலர் மீது வழக்கும் பாய்ந்தது.

உடம்பு சரியில்லாதவர்கள் ஒரு மாவட்டத்தில். கவலைப்பட்டவர்கள் வேலை பார்த்தது இன்னொரு மாவட்டத்தில். அப்பா அம்மா வேறெங்கோ ஒரு ஊரில். யார் எந்த மருத்துவமனையில், எப்படி இருக்கிறார்கள் என்று ஹாஸ்டல் வாசலில் ஒரு பட்டியல் ஒட்டியிருந்தால், அந்த ராத்திரி எப்படிப் போயிருக்கும்? நம்பும்படியான தகவல் வராத இரண்டு நாளில், பதில் வராத ஒரு மெசேஜே சாட்சியாக மாறிவிடுகிறது. ‘ஒரு டிக்’ மட்டும் காட்டினால், சார்ஜ் போயிருக்கும் என்று சாதாரண நாளில் நினைப்போம். பக்கத்துப் படுக்கைக்காரி வாந்தி எடுத்து ஆம்புலன்ஸில் போன நாளில் அப்படி நினைக்க முடியுமா?

வீட்டிலும் இதே நிலைதான். மகளின் அறைத்தோழி யார், வார்டன் நம்பர் என்ன என்பது பல பெற்றோருக்குத் தெரியாது. மகள் வைக்கும் ஸ்டேட்டஸ்தான் அவளைப் பற்றிய தினசரி தகவல். மகளின் நம்பர் அணைந்தால் கூப்பிட வேறு நம்பர் இல்லை. ஹாஸ்டலில் பெண் பிள்ளைகள் இருக்கும் வீட்டில், வார்டன் நம்பரும் இரண்டு தோழிகளின் நம்பரும் ஒரு தாளில் எழுதி வைத்திருப்பது நல்லது. போனில் இல்லை, தாளில்.

2024 ஆகஸ்டில், வல்லம் வடகாலில் 18,720 பெண்கள் தங்கும் விடுதியை முதல்வர் மு.க.ஸ்டாலின் திறந்து வைத்தார். ஃபாக்ஸ்கான் தொழிலாளர்களுக்காக சிப்காட் கட்டியது, செலவு 706.50 கோடி ரூபாய். 2021-ல் சாலையில் உட்கார்ந்த பெண்கள் கேட்டது அறை மட்டும் இல்லை, ஆஸ்பத்திரியில் இருக்கும் தோழியைப் பற்றி ஒரு நேரான பதிலையும்தான். கட்டடம் வந்துவிட்டது. 18,720 பேரில் ஒருவருக்கு ராத்திரி உடம்பு முடியாமல் போனால், பக்கத்து அறைக்கு அதைச் சொல்வது வார்டனா, வாட்ஸ்அப் குரூப்பா?