ரெகுலேட்டருக்குத் தெரியாதது

எங்காவது எரிவாயு விபத்து நடந்தால் மறுநாள் செய்தியில் பெரும்பாலும் ஒரே காரணம்தான் வருகிறது: கவனக்குறைவு. யாருடைய கவனக்குறைவு என்று எழுதவே வேண்டியதில்லை. அடுப்படியில் நின்ற பெண்ணுடையது என்று நாமே எடுத்துக்கொள்கிறோம். அந்தச் சொல்லோடு விசாரணையும் முடிந்துபோகிறது. சிலிண்டர் யார் யார் கைமாறி அந்த வீட்டுக்கு வந்தது, அதன் தலையில் பொருத்திய ரெகுலேட்டருக்கு வயது என்ன, டியூபைக் கடைசியாக யார் பார்த்தார்கள் என்றெல்லாம் யாரும் கேட்பதில்லை. கேட்கத் தொடங்கினால், பொறுப்பு ஒருவர் தலையில் மட்டும் நிற்காது என்பது புரியும்.

வீட்டுச் சிலிண்டருக்குள் 14.2 கிலோ வாயு திரவமாக அடைபட்டிருக்கிறது. உள்ளே அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 5 முதல் 8 கிலோ வரை. சித்திரை வெயிலில் அது ஏறும், மார்கழியில் இறங்கும். அடுப்புக்கு வேண்டிய அழுத்தமோ 30 கிராம் மட்டுமே. இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்பது உள்ளங்கையில் அடங்கும் ஒரு ரெகுலேட்டர். அதற்குள் ஒரு ரப்பர்ச் சவ்வு இருக்கிறது. மேலிருந்து ஒரு ஸ்பிரிங் சவ்வை அழுத்துகிறது; கீழிருந்து வாயு தள்ளுகிறது. அடுப்பைப் பற்றவைத்ததும் வாயு வெளியேறிக் கீழே அழுத்தம் குறைகிறது. உடனே ஸ்பிரிங் சவ்வைத் தாழ்த்த, சவ்வோடு இணைந்த சிறு நெம்புகோல் வாயு வரும் வழியைத் திறக்கிறது. அழுத்தம் கூடினால் சவ்வு மேலெழும்ப, வழி சுருங்குகிறது. ஒரு பர்னர் எரிந்தாலும் இரண்டும் எரிந்தாலும், சிலிண்டர் புதிதாக இருந்தாலும் தீரப்போனாலும், தீ ஏறக்குறைய ஒரே அளவில் நிற்பது இந்த ஓயாத இழுபறியால்தான். மூடியில் ஒரு நுண்ணிய துளை உண்டு. சவ்வு அசைய மேலறைக்குள் காற்று போய்வருவது அதன் வழியே. அதில் எண்ணெய்ப் பிசுக்கு அடைத்தால் சவ்வு தடுமாறும். சவ்வு கிழிந்தாலும் வாயு அந்தத் துளை வழியாகவே கசியும்.

இத்தனை நுட்பம் இருந்தும் அந்தக் கருவிக்குத் தெரிவது ஒன்றுதான்: தன் சவ்வைத் தொடும் அழுத்தம். மற்றதையெல்லாம் மனிதர்கள் தெரிந்துகொண்டு ஒருவருக்கொருவர் சொல்லியாக வேண்டும்.

சொல்லாமல் விட்டதன் விலையை அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலம் 2018 செப்டம்பர் 13 அன்று கொடுத்தது. லாரன்ஸ் நகரில் பழைய வார்ப்பிரும்புக் குழாயை நீக்கி, பிளாஸ்டிக் குழாய்க்கு மாற்றும் வேலை நடந்துகொண்டிருந்தது. அந்தப் பகுதிக்கு வாயு அனுப்பும் ரெகுலேட்டர்கள் தெருக்குழாயின் அழுத்தத்தை மெல்லிய உணர்குழாய்கள் மூலம் அறிந்துகொண்டிருந்தன. அந்த உணர்குழாய்கள் இன்னும் பழைய குழாயில்தான் இருந்தன. பழைய குழாயை அடைத்ததும் அதில் அழுத்தம் சரிந்தது. ஊருக்கே வாயு குறைந்துவிட்டது என்று ரெகுலேட்டர்கள் எடுத்துக்கொண்டு, முழுக்கத் திறந்துவிட்டன. காவலுக்கு வைத்திருந்த இரண்டாவது ரெகுலேட்டரும் அதே பழைய குழாயின் அழுத்தத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. லாரன்ஸ், ஆண்டோவர், வடக்கு ஆண்டோவர் என மூன்று ஊர்களில் வீடுகள் அடுத்தடுத்துத் தீப்பற்றின. ஓர் இளைஞர் இறந்தார். 20 பேருக்கு மேல் மருத்துவமனைக்குப் போனார்கள். 131 கட்டடங்கள் சேதமாயின.

கருவி எதுவும் பழுதாகவில்லை. வேலைத் திட்டத்தைத் தயாரித்தவர்கள் உணர்குழாய்களை இடம் மாற்ற வேண்டும் என்று அதில் எழுதவில்லை. அதைக் கண்டுபிடித்திருக்கக்கூடிய துறையிடம் திட்டத்தைக் காட்டவும் இல்லை. தெருவில் நின்ற தொழிலாளர்கள் தங்களுக்குக் கொடுத்த தாளின்படி சரியாகவே வேலை செய்தார்கள். எரிவாயு நிறுவனம் 2020-இல் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டு 5.3 கோடி டாலர் அபராதம் கட்டியது. சென்னையிலும் கோவையிலும் குழாய் எரிவாயு இப்போது வீடுகளுக்கு வந்துகொண்டிருக்கிறது. மாநகராட்சி, குடிநீர் வாரியம், மின்வாரியம், இணையக் கேபிள் போடுகிறவர்கள் என்று ஆளுக்கொரு பக்கம் தோண்டும் தெருக்களில்தான் அந்தக் குழாய்களும் போகின்றன. ஒருவர் வரைபடம் மற்றவர் மேசையில் இல்லாமல் கடப்பாரை இறங்கக் கூடாது.

அமெரிக்காவைவிட அருகில் இலங்கை. 2021 நவம்பர், டிசம்பர் மாதங்களில் அங்கே வீட்டுக்கு வீடு சிலிண்டர், அடுப்பு வெடிப்புச் செய்திகள் வந்தன. சிலிண்டருக்குள் இருந்த கலவையில் புரொப்பேனின் பங்கு கூட்டப்பட்டிருந்ததே முக்கியக் காரணம் என்று அரசு அமைத்த குழு சொன்னது. 30 டிகிரி வெப்பத்தில் பியூட்டேனின் அழுத்தம் வளிமண்டலத்தைப் போல் ஏறத்தாழ 3 மடங்கு. புரொப்பேனுடையது 10 மடங்குக்கு மேல். கலவை மாறினால் ரெகுலேட்டரும் டியூபும் தாங்க வேண்டிய சுமையும் மாறுகிறது. காலையில் தேநீர் போட எழுந்த பெண்ணுக்கு இதை யாரும் சொல்லவில்லை. அவரைக் கவனக்குறைவானவர் என்று குற்றம்சாட்ட எந்த நியாயமும் இல்லை.

நம் ஊருக்கு வருவோம். வீட்டில் இருப்பவர் செய்ய வேண்டியது உண்டு, அதை மறுக்கவில்லை. ஐஎஸ்ஐ முத்திரை இல்லாத ரெகுலேட்டரைத் தெருக்கடையில் வாங்கக் கூடாது. டியூபில் அச்சிட்ட தேதியைப் பார்த்து 5 ஆண்டுக்குள் மாற்ற வேண்டும். இணைப்பில் சோப்புத் தண்ணீர் தடவினால் கசிவு நுரையாகத் தெரிந்துவிடும். சிலிண்டர் வாயு காற்றைவிடக் கனம், தரையோடு படியும். வாசனை வந்தால் சுவிட்சைத் தொடாமல் ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னலைத் திறந்து, வெளியே வந்து 1906-ஐ அழைக்க வேண்டும். ஆனால் வாடகை வீட்டில் டியூபை யார் மாற்றுவது என்று குடியிருப்பவரும் வீட்டுக்காரரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். வாடகை ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்த்தால் தீரும் சங்கதி இது. 5 ஆண்டுக்கு ஒருமுறை ஏஜென்சி செய்ய வேண்டிய கட்டாயப் பரிசோதனை பல வீடுகளில் கையெழுத்தோடு முடிகிறது. குடியிருப்போர் சங்கமோ மகளிர் சுயஉதவிக் குழுவோ ஒரு நாள் குறித்துத் தெரு முழுவதற்கும் சேர்த்துக் கேட்டால் ஏஜென்சி மெக்கானிக்கை அனுப்பத்தான் வேண்டும். உணவகங்களும் டீக்கடைகளும் 19 கிலோ சிலிண்டருக்கு உரிய உயர் அழுத்த ரெகுலேட்டரை வீட்டு அடுப்பில் மாட்டுவதை உணவுப் பாதுகாப்பு ஆய்வுக்கு வரும் அதிகாரி ஒரு பார்வையில் கண்டுபிடிக்கலாம்.

இவர்கள் எல்லாரையும்விட ஒவ்வொரு வீட்டு வாசலுக்கும் தவறாமல் வருகிறவர் சிலிண்டர் போடும் தொழிலாளிதான். ஏறத்தாழ 30 கிலோ எடையைத் தோளில் சுமந்து மூன்றாம் மாடி ஏறுகிறார். எடை காட்டுவதும், வால்வில் கசிவு பார்ப்பதும், உள்ளே வாஷர் இருக்கிறதா என்று பார்ப்பதும் அவர் கடமை என்று விதி சொல்கிறது. அன்றைய எண்ணிக்கையை முடிக்க ஓடும் அவரிடம் அதற்கான நேரம் இருப்பதில்லை. நாமும் "வச்சிட்டுப் போங்கண்ணே" என்று கதவருகிலேயே அனுப்பிவிடுகிறோம். அவரை உள்ளே அழைத்து, மாட்டிப் பார்த்துவிட்டுப் போகச் சொல்வது நம் பங்கு. அந்தச் சில நிமிடங்களை வேலை நேரமாகக் கணக்கிட்டு, விநியோகக் கூலியில் தனியாகச் சேர்த்துத் தருவது எண்ணெய் நிறுவனங்களின் பங்கு.